மறு: தரவு முதல்வரா, தரவுக்குரியவரா? கேமராவுக்குக் கீழே நிற்கிறவருக்கு ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு, மதுரையிலிருந்து வணக்கம்.

கேமராவிலும் கம்ப்யூட்டரிலும் ஏறுகிற தரவு (டேட்டா) யாரைப் பற்றியதோ, அந்த ஆளைத் தமிழில் என்னவென்று சொல்வது? இந்தக் கேள்விக்கு இந்த இழையில் இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. தரவுப் பொருள், தரவு முதல்வர், தரவு வழங்குநர், தரவாளர். நான்கில் எதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை, அதனால் ‘தரவுக்குரியவர்’ என்று ஐந்தாவதாக ஒன்றைச் சொல்கிறேன். காரணங்களைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் திருச்சி ஐயாவின் கேள்வி:

> ஸ்மார்ட் சிட்டிக்கே இன்னும் ஒரு சொல் நிலைக்கவில்லை. அதற்குள் அதில் நடமாடுகிற ஆளுக்குப் பெயர் வைக்க என்ன அவசரம்?

ஐயா, சீர்மிகு நகரம், பொலிவுறு நகரம் இரண்டும் அரசுத் தாள்களில் ஓடுகின்றன. இங்கே ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டால் ஸ்மார்ட் சிட்டி என்றுதான் சொல்வார்கள், அது அப்படியே இருக்கட்டும். அது ஒரு திட்டத்தின் பெயர். 2015 ஜூனில் தொடங்கியது, மதுரை 2016 செப்டம்பர் பட்டியலில் உள்ளே வந்தது, பெரியார் பேருந்து நிலையத்தை இடித்துக் கட்டினார்கள், மாசி வீதிகளைத் தோண்டிப் புதுத் தளம் போட்டார்கள், 2025 மார்ச்சோடு திட்டம் முடிந்தது. ஆனால் திட்டத்தில் சேர்ந்த 100 நகரங்களிலும் ஒருங்கிணைந்த கட்டளை, கட்டுப்பாட்டு மையம் என்று ஒன்றை அமைத்தார்களே, தெருக் கேமராவும் சென்சாரும் குப்பை வண்டியின் ஜிபிஎஸ்ஸும் ஒரே பெரிய திரையில் வந்து சேருகிற அந்த அறை, அது திட்டத்தோடு முடிகிற சமாச்சாரம் இல்லை. அந்தத் திரையில் ஒரு புள்ளியாகத் தெரிகிற ஆளை நாம் என்னவென்று சொல்கிறோம் என்பது இன்னும் பல வருஷத்துக்கு நம்மோடு வரப்போகிற கேள்வி.

அவசரத்துக்குச் சட்டமும் ஒரு காரணம். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் வந்தன. சம்மதம் கேட்டுத் தரவு எடுக்கிறவர் கொடுக்கிற அறிவிப்பை, ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் எதிலோ படித்துக்கொள்ள வழி செய்ய வேண்டும் என்று அதில் இருக்கிறது. அதில் தமிழும் உண்டு. ஆக ஒவ்வொரு ஆப்பிலும், மருத்துவமனைப் படிவத்திலும், வரி கட்டும் தளத்திலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து அவசர அவசரமாகத் தமிழில் பெயர்க்கப் போகிறார். அவர் கைக்கு முன்கூட்டியே ஒரு நல்ல சொல் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் என் கவலை.

சரி, இருக்கிற சொற்களுக்கு வருகிறேன்.

‘தரவுப் பொருள்’ ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் ‘டேட்டா சப்ஜெக்ட்’ என்ற சொல்லை நேராகப் பெயர்த்தது. 2018 மே முதல் அங்கே அமலில் இருக்கிற சட்டத்தில் அவர்கள் வைத்திருக்கிற பெயருக்கு அவர்கள் மொழியில் வேறு நிழல்கள் உண்டு. தமிழில் பொருள் என்றால் சாமான். மனுஷியைச் சாமானாக்குகிற சொல்லை நாம் கையால் தொடவே வேண்டாம்.

‘தரவு முதல்வர்’ இந்தியச் சட்டத்தின் ‘டேட்டா பிரின்சிபல்’ என்ற சொல்லைப் பெயர்த்தது. முகவர் ஒருவர், அவரை அமர்த்தியவர் ஒருவர் என்று இருக்கும்போது, அமர்த்தியவரைக் குறிக்க ஒப்பந்தச் சட்டத்தில் வருகிற சொல் அது. கருத்து நல்ல கருத்துதான்: உன் தரவைக் கையாளுகிறவன் உனக்காக வேலை செய்கிறவன், அமர்த்தியது நீ. ஆனால் முதல்வர் என்றதும் தமிழ்நாட்டில் எந்தக் காதும் கோட்டைக்கோ கல்லூரிக்கோதான் போகும், தன் பக்கம் திரும்பாது.

‘தரவு வழங்குநர்’ பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் ஆதரவு அதிகம் இருப்பது இதற்குத்தான். தரவு என்பதே ‘தா’விலிருந்து வந்தது, தரப்பட்டது என்று பொருள், லத்தீனிலும் அதற்கு அதே பொருள்தான். ஆனால் தெருவில் நடப்பது என்ன? விடிவதற்கு முன்னால் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லி வாங்கி மேலமாசி வீதி ஓரத்தில் உட்கார்ந்து கட்டி முழம் போட்டு விற்கிற ஒரு அக்கா, கம்பத்தின் மேலே இருக்கிற கேமராவுக்கு எதை வழங்கினார்? அவர் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார், எடுத்தது அது. எடுக்கப்பட்டது என்ற பொருளில் தரவுக்கு வேறு பெயரே வைக்க வேண்டும் என்று ஜோஹன்னா டிரக்கர் என்ற அமெரிக்க அறிஞர் 2011இல் எழுதினார். தரவு நம்மிடம் வேர் பிடித்துவிட்ட சொல், அதை இனி மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். ஆனால் எடுக்கப்பட்டவரைக் கொடுத்தவர் என்று எழுதிவிட்டால், சம்மதம் கேட்டாயா என்ற கேள்வியே எழாமல் போய்விடும்.

‘தரவாளர்’ அழகாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படைப்பாளர், ஆய்வாளர், தொகுப்பாளர் வரிசையில் போய் நிற்கிறது. தரவை வைத்து வேலை செய்கிற பொறியாளரைத்தான் அது நினைவூட்டும்.

இதற்கு நடுவே ‘பயனாளி’ என்றே வைத்துவிடலாமே என்று கோவைத் தம்பி கேட்டிருந்தார். தம்பி, வேண்டவே வேண்டாம். அரசு அலுவலகத்துத் தமிழில் பயனாளி என்றால் தையல் மிஷினோ வீடோ வாங்கிக்கொண்டு மேடையில் நன்றி சொல்கிறவர். தன் முகத்தைப் பதிவு செய்துகொண்டவரிடம் நன்றி சொல்ல என்ன இருக்கிறது? ‘நகர்வாசி’யும் ஒத்துவராது. உசிலம்பட்டியிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் தினமும் பஸ் ஏறி வந்து வியாபாரம் பார்த்துவிட்டுப் போகிறவர்கள், சித்திரைத் திருவிழாவுக்கு ஆற்றில் வந்து நிற்கிற ஜனம், இவர்கள் யாரும் நகர்வாசி இல்லை. கேமரா அவர்களையும் சேர்த்துத்தான் எடுக்கிறது.

இனி என் சொல். உரிய, உரிமை, உரியவர் மூன்றும் ஒரே வேர். சட்டம் இந்த நபரை வரையறுக்கும்போது, தனிநபர் தரவு யாருடன் தொடர்புடையதோ அவர் என்றுதான் சொல்கிறது. தமிழில் ‘உரிய’ என்பது அந்தத் தொடர்பையும் சொல்கிறது, அதோடு ஒரு பாத்தியதையையும் சொல்கிறது. ‘உரியவரிடம் ஒப்படைக்கவும்’ என்பதைப் படிக்காத தமிழர் இருக்க முடியாது. அது மட்டுமல்ல, சட்டத்தில் குழந்தை என்றால் பெற்றோரும், தானே முடிவெடுக்க முடியாத மாற்றுத்திறனாளி என்றால் சட்டப்படியான பாதுகாவலரும் இந்தச் சொல்லுக்குள் அடங்குவார்கள். ‘பிள்ளைக்கு உரியவங்க யாரு?’ என்று பள்ளிக்கூட வாசலில் கேட்கிற வழக்கு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறதே. இன்னொன்று, இந்தச் சட்டம் ஆங்கிலத்தில் தனிநபரை எங்கும் பெண்பாலில்தான் குறிக்கிறது, எந்தப் பாலினமானாலும் சேர்த்து. நமக்கு அந்த ஏற்பாடே தேவையில்லை, ‘அவர்’ எல்லோரையும் ஏற்றுக்கொள்ளும்.

> உரியவர் என்றால் உடைமையாளர் என்றாகிவிடும். சட்டம் தரவைச் சொத்தாகப் பார்க்கவில்லை.

சட்டம் படித்த தங்கை எழுப்பிய இந்த ஆட்சேபம் கனமானது. ஆனால் தமிழ் இந்த இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. உடையவர் வேறு, உரியவர் வேறு. அடகுக் கடைப் பெட்டியில் இருக்கிற சங்கிலி கடைக்காரர் கைவசம் இருக்கிறது, உரியவர் சீட்டு வைத்திருக்கிற ஆள்தான். கைவசம் வைத்திருக்கிறவருக்கு உடைமை இருக்கலாம், அதன் மேல் அவர் விருப்பத்துக்கு ஆட முடியாது என்பதைத்தான் ‘உரியவர்’ சொல்கிறது. நான் ‘தரவுடையவர்’ என்று முன்வைக்காததற்குக் காரணமும் இதுவே.

சொற்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் மாசி வீதி வியாபாரிகள் சிலரிடம் காட்டினேன். கலைச்சொல்லைக் கற்றறிந்தவர்கள் மட்டும் பார்த்துத் தீர்மானிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பூக்கட்டுகிற ஒரு அக்கா ‘தரவு’ என்றால் என்ன என்று கேட்டார், உங்களைப் பற்றிக் கம்ப்யூட்டரில் ஏறுகிற விவரம் என்றேன். அப்புறம் ஒவ்வொன்றாக வாசித்தேன். தரவுக்குரியவர் வந்ததும், “அப்ப அது எனக்குச் சேர வேண்டியதுன்னுதானே அர்த்தம், எங்கிட்டு இருக்குன்னு நான் போய்க் கேக்கலாம்ல?” என்றார். ஒரு சொல் தன் வேலையைச் செய்கிறதா என்பதற்கு எனக்கு இதைவிடப் பெரிய அத்தாட்சி தேவைப்படவில்லை.

போய்க் கேட்கலாமா என்பதற்குப் பதில் அத்தனை எளிதல்ல. குற்றத்தைத் தடுக்க, கண்டுபிடிக்க, விசாரிக்க என்று எடுக்கப்படுகிற தரவுக்குச் சட்டத்தில் பல விலக்குகள் இருக்கின்றன. தெருக் கேமராக்களில் பலவும் அந்தக் கதவு வழியாக வெளியே போய்விடும். அப்படியானால் தெருவில் நிற்கிறவருக்கு இந்தப் பெயர் எதற்கு என்று தங்கை கேட்கக்கூடும். அங்கேதான் வேண்டும் என்பேன். விலக்கு கேட்கிறவரும் ‘தரவுக்குரியவரிடம் கேட்க மாட்டோம்’ என்று எழுதித்தான் ஆக வேண்டும், அப்படி எழுதும்போது என்ன மறுக்கப்படுகிறது என்பது வெளிச்சமாகத் தெரியும்.

பெயர் வைக்கிற அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதற்கு டொராண்டோவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டைச் சேர்ந்த சைடுவாக் லேப்ஸ் 2017 அக்டோபரில் அங்கே ஏரிக்கரைப் பகுதி ஒன்றில் சென்சார் நிறைந்த குடியிருப்பு கட்ட வந்தது. பொது இடத்தில் சேர்கிற விவரங்களுக்கு ‘நகரத் தரவு’ என்று அவர்களே ஒரு வகையை உண்டாக்கினார்கள். கனடாச் சட்டத்தில் இல்லாத வகை அது என்று பெரிய எதிர்ப்பு. அவர்களின் ஆலோசகராக இருந்தவர், ஒன்டாரியோவின் முன்னாள் அந்தரங்கப் பாதுகாப்பு ஆணையர் ஆன் கவூக்கியன், ஆள் அடையாளத்தை எடுக்கிற இடத்திலேயே நீக்க வேண்டும் என்பது எல்லா நிறுவனங்களையும் கட்டுப்படுத்தாது என்று தெரிந்ததும் 2018இல் விலகினார். 2020 மேயில் திட்டத்தையே கைவிட்டார்கள், பெருந்தொற்றுக்காலப் பொருளாதார நிலையைக் காரணமாகச் சொல்லி. என் மனதில் நிற்பது அந்தப் பெயர். தரவு நகரத்தினுடையது என்று சொல்லிவிட்டால் அதில் நடந்து போன ஆள் காணாமல் போகிறார். அதனால்தான் ‘நகர்சார் தரவு’ என்று இந்தக் குழுவில் ஒருவர் போன மாதம் எழுதியபோது எனக்குத் திக்கென்றது.

எடுக்கப்படாமல் விடுபடுகிறவர்களையும் மறக்கக் கூடாது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரம் ரோட்டுக் குழிகளைக் கண்டுபிடிக்க ஸ்ட்ரீட் பம்ப் என்று ஒரு ஆப் விட்டது. காரில் போகிறவரின் போன் குலுங்கினால் குழி பதிவாகும். ஸ்மார்ட்போன் குறைவாக இருந்த ஏழைகளின் தெருக்களும் முதியவர்கள் அதிகம் வாழ்ந்த தெருக்களும் அதில் சரியாகப் பதிவாகாது என்பது அப்போதே பேசப்பட்டது. நம் ஊரில் தெரு வியாபாரிகள் சட்டம் 2014இலேயே வந்துவிட்டது. 5 ஆண்டுக்கு ஒரு முறையாவது கணக்கெடுக்க வேண்டும், நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கணக்கெடுப்பில் பெயர் இல்லை என்றால் தெருவைச் சீரமைக்கும்போது அவருக்கு இடமும் இல்லை. இவர்களுக்குப் புதுச் சொல் தேவையில்லை, ‘விடுபட்டோர்’ என்று ரேஷன் கார்டிலும் வாக்காளர் பட்டியலிலும் ஜனங்கள் ஏற்கெனவே சொல்கிறார்கள், அதையே கலைச்சொல்லாக ஏற்றுக்கொள்வோம்.

நாக்பூரிலும் சண்டிகரிலும் தூய்மைப் பணியாளர்களின் கையில் ஜிபிஎஸ் கடிகாரத்தைக் கட்டி, எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்தார்கள். துப்புரவுப் பணியாளர் என்ற பெயரை மாற்றியதும் ஊனமுற்றோரை மாற்றுத்திறனாளி ஆக்கியதும் இதே தமிழ்நாடுதான். அந்தப் பணியாளரும் தரவுக்குரியவர் என்று எழுதுகிற காலம் வர வேண்டாமா?

நீளமாக இருக்கிறது என்பவர்களுக்கு: முதல் முறை தரவுக்குரியவர், அடுத்த வரியிலிருந்து உரியவர். பன்மையில் உரியோர். ‘தரவுரியர்’ என்று சுருக்குவது வாயில் நிற்கவில்லை.

கேமராக் கம்பத்தில் வைக்கிற பலகைக்கு என் மாதிரி வாசகம்:

“இங்கே கேமரா பதிவு செய்கிறது. பதிவை வைத்திருப்பவர் இன்னார். தரவுக்குரியவர் விவரம் கேட்கவும் குறை சொல்லவும் இந்த எண்ணில் அழைக்கலாம்.”

இதில் ‘வைத்திருப்பவர்’ என்று நான் ஒப்பேற்றியிருக்கிற இடத்துக்கு ஒரு சொல் வேண்டும். சட்டத்தில் அது ‘டேட்டா ஃபிடூஷியரி’, நம்பி ஒப்படைக்கப்பட்டவர் என்ற பொருளுள்ள சொல். தரவுக் காவலர் என்று வைத்தால் போலீஸ் என்றாகிவிடும், அதுவும் கேமராவுக்குக் கீழே! கோயில் நிர்வாகத்தில் அறங்காவலர், தக்கார் இரண்டும் இருக்கின்றன. தக்கார் எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் கோயிலுக்கு வெளியே அது ஒட்டுமா என்று தெரிய வேண்டும். தங்கை, உங்கள் நீதிமன்றத் தமிழில் இதற்கு ஏதாவது ஓடுகிறதா? ‘சம்மதம்’ போதுமா, ‘ஒப்புதல்’ வேண்டுமா என்பதையும் அதோடு சேர்த்துப் பார்த்துச் சொல்லுங்கள்.