ஜெனரேட்டர் பக்கத்துல நின்ன வேட்பாளரும் ஒரு ரூபா கணக்கும்

தண்டையார்பேட்டையில எங்கப்பா காலத்துல இருந்து மைக்செட், சேர் வாடகைக்கு விடுறோம். காதுகுத்து, சாவு, கட்சி மீட்டிங் எல்லாத்துக்கும் நாங்கதான். எம்.பி. எலெக்ஷனுக்கு காசு எங்க இருந்து வருது, ஜெயிச்சு டெல்லிக்கு போய் இன்னா பண்றாங்கன்னு டீக்கடையில ஆளாளுக்கு பேசுறாங்க, நான் கண்ணால பார்த்ததை எழுதுறேன், உங்களுக்கும் இருந்தா எழுதுங்க.

2024 ஏப்ரல். நம்ம வடசென்னையில நின்ன ஒருத்தர், ஜெயிக்கல, பேரும் கட்சியும் வேணாம். அவங்க கட்சியில பெரிய பேச்சாளர் வர்றார்னு மேடை போட்டோம், 600 சேர், ரெண்டு ஜெனரேட்டர். சாயங்காலம் மணி அஞ்சு இருக்கும், ஒரு ஆள் வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்து பின்னாடி பேனர்ல வேட்பாளர் மூஞ்சியை மறை மறைன்றார். எனக்கு ஒண்ணியும் புரியல. பசங்க நியூஸ்பேப்பர எடுத்து செல்லோ டேப் போட்டு ஒட்டினாங்க, காத்துல அது படபடன்னு அடிச்சிக்கினு அப்பப்ப ஒரு காது மட்டும் தெரியுது. பேச்சாளர் வந்து ஒரு மணி நேரம் பேசினார், ஓட்டு கேக்க வேண்டிய ஆளு மேடைக்கு கீழ என் ஜெனரேட்டர் பக்கத்துல டீசல் வாடையில கையை கட்டிக்கினு நிக்கிறார். "ஏன்ணா மேல போகல"ன்னு கேட்டதுக்கு "போனா செலவு என் தலையில ஏறிடும் தம்பி"ன்னு சிரிச்சார்.

அப்பால தான் விசாரிச்சேன். தமிழ்நாட்டுல லோக்சபாவுக்கு நிக்கிறவர் 95 லட்சத்துக்கு மேல செலவு பண்ணக்கூடாது, 2022-ல இருந்து அந்த லிமிட், 2014-ல அது 70 லட்சமா இருந்துது. ஆனா கட்சிக்கு லிமிட்டே கிடையாது. மேடையில வேட்பாளர் நின்னாலோ அவர் பேரு, போட்டோ இருந்தாலோ அந்த மீட்டிங் செலவுல பங்கு இவர் கணக்கு, தலைவர் படம் மட்டும்னா கட்சி கணக்கு. நம்ம தொகுதியில திருவொற்றியூர், ஆர்.கே.நகர், பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க. நகர், ராயபுரம்னு ஆறு சட்டசபை தொகுதி, கிட்டத்தட்ட 15 லட்சம் ஓட்டு. 95 லட்சத்தை வகுத்து பாருங்க, தலைக்கு ஆறு ரூபா சொச்சம், ஒரு டீ வராது. அப்போ அந்த நியூஸ்பேப்பர் ஒட்டினது ஏன்னு புரியுதா?

ரிசல்ட் வந்து 30 நாளுக்குள்ள நின்னவங்க எல்லாரும் கணக்கு குடுக்கணும், தோத்தவரும் குடுக்கணும், குடுக்கலன்னா மூணு வருஷம் வரை நிக்க முடியாம பண்ணலாம். அந்த கணக்கை ஒத்த ரூபா கட்டி யார் வேணா பார்க்கலாம்னு தேர்தல் நடத்தை விதியிலேயே இருக்கு. நான் போனேன். என் பில்லு எப்படி ஏறியிருக்குன்னு பார்க்கத்தான் போனேன், பெரிய சமூக சேவைன்னு நினைக்காதீங்க. ரெஜிஸ்டர்ல வெள்ளை பக்கம் தினசரி செலவு, ரோஸ் கலர் பக்கம் ரொக்கம், மஞ்சள் பக்கம் பேங்க். அந்த மீட்டிங் தேதிக்கு வெள்ளை பக்கத்துல விரல் வெச்சு தேடுறேன், 600 சேர் எங்கயும் இல்ல. கட்சிக்கு போயிடுச்சு. வேற நாள் தெருமுனை கூட்டத்துக்கு 50 சேர் மட்டும் இருக்கு, அதுவும் ஆபீசர்ங்க போட்ட ரேட் சார்ட் படி, எங்க ரேட்டை விட கம்மி. பணம் எங்க இருந்து வந்துதுன்னு ஒரு பாகம் இருக்கு, சொந்தப் பணம், கட்சி குடுத்தது, மத்தவங்க குடுத்ததுன்னு. இவருக்கு முக்காவாசி "கட்சி குடுத்தது". கட்சிக்கு யார் குடுத்தாங்கன்றது அந்த ரெஜிஸ்டர்ல வராது. கடைசி கை மட்டும்தான் தெரியும்.

அதுக்கு முன்னாடி கை யாருன்னு கொஞ்சமாச்சும் தெரிஞ்சது தேர்தல் பத்திரம் விஷயத்துலதான், அதாவது பேர் வெளிய தெரியாம பேங்க்ல வாங்கி கட்சிக்கு குடுக்கிற நன்கொடை பத்திரம். 2018-ல ஆரம்பிச்சாங்க, 2024 பிப்ரவரி 15-ல செல்லாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லி, மார்ச்ல லிஸ்ட் வெளிய வந்துது. பா.ஜ.க.வுக்கு 6,000 கோடிக்கு மேல. தி.மு.க.வுக்கு 656.5 கோடி, அதுல 509 கோடி ஃபியூச்சர் கேமிங்னு ஒரே லாட்டரி கம்பெனி. அந்த கம்பெனி மொத்தமா 1,368 கோடிக்கு பத்திரம் வாங்கி வேற கட்சிக்கும் குடுத்திருக்கு. அ.தி.மு.க.வுக்கு 6.05 கோடி. தமிழ்நாட்டுல 2003-லயே லாட்டரிய நிறுத்தியாச்சு, எங்க தெருவுல சீட்டு வித்த தாத்தா அப்புறம் பூ கட்டி பொழச்சார், காசு மட்டும் வேற ரூட்ல சுத்தி வருது பாருங்க.

*

அண்ணா, நான் எண்ணூர் குப்பத்து பொண்ணு, நீங்க பணத்தை பார்த்தீங்க நான் பேச்சை பார்த்தேன். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட ஆத்துல எண்ணெய் வந்து எங்க சித்தப்பா வலை, படகு எல்லாம் கருப்பா பிசுபிசுன்னு ஆயிடுச்சு, அது காயறதுக்குள்ள 26-ந்தேதி ராத்திரி அமோனியா கேஸ் கசிவு. மூக்குல ஈரத்துணிய கட்டிக்கிட்டு ஓடினோம். அதுக்கப்புறம் டெல்லியில யாராவது நம்மள பத்தி கேட்டாங்களான்னு நாடாளுமன்ற வெப்சைட்ல எண்ணூர்னு அடிச்சு உக்காந்து படிச்சேன்.

படிக்க படிக்க ஒரு விஷயம் புரிஞ்சுது. ஒரு நாளைக்கு வாயால பதில் சொல்ற கேள்வி 20, அதுலயும் நேரம் இருந்தா நாலஞ்சுதான் ஓடும், எழுத்துல பதில் வர்றது 230. யார் கேள்வி வரணும்னு குலுக்கல். "நம்ம எம்.பி. 200 கேள்வி கேட்டார்"னு போஸ்டர் அடிச்சா அது அலுவலகத்துல உதவியாளர் எழுதி அனுப்பினதா, அவரே எழுந்து நின்னு துணைக்கேள்வி கேட்டதான்னு பாருங்க. பதில்ல "தகவல் சேகரிக்கப்படுகிறது"ன்னு இருந்தா விட்டுடாதீங்க, அது அரசு குடுத்த உறுதிமொழி கணக்குல சேரும், மூணு மாசத்துல முடிக்கணும், அதை துரத்தவே ஒரு கமிட்டி இருக்கு. எம்.பி. அந்த கமிட்டிக்கு எழுதினாரான்னு கேட்டா மனு வாங்குறவங்க நம்மள ஒரு மாதிரி பார்ப்பாங்க, பரவால்ல கேளுங்க.

அப்புறம் எந்த மசோதாவுக்கு எப்படி ஓட்டு போட்டார்னு தேடினேன், பாதிக்கு மேல கிடைக்கவே இல்ல. குரல் வாக்கெடுப்பாம், ஆமாம்னு சத்தம் போட்டா முடிஞ்சுது, பேரே பதியாது. 2025 ஏப்ரல்ல வக்ஃப் மசோதா மாதிரி எண்ணி போட்டாதான் 288க்கு 232ன்னு யார் எந்தப் பக்கம்னு தெரியும். அதுலயும் கட்சி கொறடா இப்படித்தான் ஓட்டு போடணும்னு சொன்னதை மீறினா 1985 கட்சித் தாவல் தடைச் சட்டப்படி பதவியே போயிடலாம், அப்போ அது அவர் ஓட்டா கட்சி ஓட்டான்னு சண்டை போடுறதுல என்ன இருக்கு. நான் இப்போ கேள்விய மட்டும்தான் பார்க்கிறேன்.

*

பெரம்பூர்ல இருந்து. எங்க ஏரியாவுல எம்.பி. நல்லவரா இல்லையான்றதுக்கு பஸ் ஸ்டாப் நிழற்குடைதான் மார்க். எம்.பி. தொகுதி மேம்பாட்டு நிதி வருஷத்துக்கு 5 கோடி, ஆறு சட்டசபை தொகுதிக்கு பிரிச்சா தலா ஒரு கோடி கூட வராது, அதுவும் அவர் சிபாரிசு மட்டும்தான் பண்ணலாம், வேலைய குடுக்கிறது மாவட்ட நிர்வாகம். 2020 ஏப்ரல்ல கொரோனான்னு நிறுத்தி 2021 நவம்பர்ல தான் திருப்பி விட்டாங்க, அந்த டைம்ல "ஒண்ணும் பண்ணல"ன்னு திட்டினவன்ல நானும் ஒருத்தன். காசு பத்தி ஒண்ணு சேர்க்கிறேன்: 2019 தேர்தல் செலவு கணக்குல தி.மு.க.வே கூட்டணிக்கு குடுத்ததை காட்டியிருந்தாங்க, சி.பி.ஐ.க்கு 15 கோடி, சி.பி.எம்.முக்கு 10, கொங்கு கட்சிக்கு 15. கட்சியில இருந்து கட்சிக்கும் போகுது, சேர்காரர் சொன்ன கடைசி கைக்கு முன்னாடி எத்தனை கையோ.

*

தங்கச்சி, அந்த கமிட்டி மேட்டர் எனக்கு தெரியாது, தேங்க்ஸ். பில்லு பணம் வந்துதான்னு நெறைய பேர் மெசேஜ்ல கேட்டதால சொல்றேன், இல்ல, இன்னும் முழுசா வரல. கட்சி ஆபீஸ் போனா வேட்பாளரை கேளுன்றாங்க, அவர்கிட்ட போனா அது கட்சி கணக்குப்பா, நீதான் பார்த்தியேன்றார். 600 சேர் போச்சுல்ல, 586 தான் திரும்பி வந்துது.