அமெரிக்காவுல 3,318 வருஷம் தண்டனைன்னா என்ன கணக்கு?

செங்கோட்டை செல்வம்:

வணக்கம். முருகன்குறிச்சியில ரூம் எடுத்து குரூப் 2 தேர்வுக்குப் படிச்சிட்டு இருக்கேன். நேத்து ராத்திரி ரூம்ல பெரிய வாக்குவாதம். அமெரிக்காவுல கொலராடோவுல தியேட்டருக்குள்ள புகுந்து 12 பேரைச் சுட்டுக் கொன்னவனுக்கு 2015ல 12 ஆயுள் தண்டனை, அதுக்கு மேல 3,318 வருஷம்னு தீர்ப்பு. மனுஷனுக்கு இருக்கது ஒரு ஆயுசு, மிச்சத்தை யாரு கழிக்கது? நம்ம ஊர்ல ஆயுள்னா 14 வருஷம்ங்காவ. அந்த நாடு மட்டும் ஏன் இப்படி? ஆரம்பத்துல இருந்தே இப்படித்தானா? வம்புக்குக் கேக்கல, நெசமாவே புரியல.

ஒட்டப்பிடாரத்தான்:

தம்பி, பெரிய எண்ணு நமக்குப் புதுசு இல்ல. 1908ல திருநெல்வேலியில பின்ஹே துரை வ.உ.சி.க்கு எழுதுன தீர்ப்பைப் பாருங்க. ராஜதுரோகமாப் பேசுனதுக்கு ஒரு ஆயுள், சுப்பிரமணிய சிவாவுக்குத் துணை நின்னதுக்கு இன்னொரு ஆயுள். ஒண்ணுக்கு 20ன்னு ரெண்டுக்கும் 40 வருஷம். அப்ப அவருக்கு வயசு 35. மேல்முறையீட்டுல குறைஞ்சு 1912 டிசம்பர்ல வெளிய வந்தார், அதுக்குள்ள கோவை ஜெயில்ல செக்கிழுக்க வெச்சிட்டாங்க. 40ங்கிற எண்ணு அவருக்கு மட்டும் எழுதுனது இல்ல, தூத்துக்குடி ஆலைத் தொழிலாளி வரைக்கும் கேக்கட்டும்னு எழுதுனது. அமெரிக்காவுலயும் அப்படித்தான் இருக்கும்னு நினைக்கேன்.

சமாதானபுரம் பழைய வார்டர்:

தம்பி செல்வம், நான் சிறைத்துறையில 31 வருஷம் வார்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். மக பிலடெல்பியா பக்கம் இருக்கா. அங்க போயிருந்தப்ப, "அப்பா, எதைப் பாக்கணும்?"னு கேட்டா. அந்த ஊர் பழைய ஜெயிலைப் பாக்கணும்னேன். ஈஸ்டர்ன் ஸ்டேட்னு பேரு. 1829ல திறந்து 1971ல மூடுனது, இப்ப மியூசியம்.

கட்டுன விதம் வண்டிச் சக்கரம் மாதிரி. நடுவுல குடம், அதுல இருந்து ஆரக்கால் போல 7 வரிசை. குடத்துல நின்னு ஒரு சுத்து சுத்துனா ஒரே ஆளு 7 வரிசையையும் பாத்துரலாம். பிளாக் பிளாக்கா நடந்து தலை எண்ணிப் பூட்டுனவன் நான், அந்த இடத்தை விட்டு நகர மனசு வரல. செல்லுக்குள்ள குனிஞ்சுதான் நுழையணும். உள்ள வெளிச்சம் வாரது கூரையில உள்ள ஒரு துவாரத்துல இருந்து மட்டும். ஒரு செல்லுக்கு ஒரு ஆளு, அவனுக்குன்னு சுவர் கட்டுன ஒரு முத்தம், வாசிக்க பைபிள். வெளிய கூட்டிட்டுப் போனா முகத்தை மூடி முக்காடு. பக்கத்து செல்லுல யாருன்னே தெரியாது.

இதைக் கட்டுனவங்க கொடுமைக்காரங்க இல்ல தம்பி. அதுக்கு முன்னால அங்க ஜெயில்ங்கிறது விசாரணை வரைக்கும் ஆளைப் பிடிச்சு வைக்கிற இடம்தான். தண்டனைன்னா சவுக்கடி, தெருவுல கட்டையில மாட்டி நிக்க வைக்கது, இல்லன்னா தூக்கு. அது பாவம்னு நினைச்ச குவேக்கர்ங்கிற கிறிஸ்தவ சபைக்காரங்கதான், தனியா உக்காந்து யோசிச்சா மனசு திருந்தும்னு 1790ல பிலடெல்பியா வால்நட் தெரு ஜெயில்ல தனிச் செல் ஆரம்பிச்சாவ. மனசு திருந்தல, கலங்கிப் போச்சு. நியூயார்க்குல ஆபர்ன் ஜெயில்ல 1821ல சுமார் 80 பேரை வேலை கூட கொடுக்காம தனியா அடைச்சாவ. பலருக்குப் பைத்தியம் பிடிச்சு, செத்தும் போனாவ. ரெண்டே வருஷத்துல அதைக் கைவிட்டாச்சு. அப்புறம் பகல்ல எல்லாரும் சேந்து வேலை, ஆனா வாய் திறக்கக் கூடாது, திறந்தா சவுக்கு. செய்யுற சாமானை வித்தா ஜெயில் செலவு கழியும்னு மத்த மாநிலங்களும் ஆபர்ன் வழிக்குத்தான் போச்சு.

ஒட்டப்பிடாரத்து அண்ணாச்சி செக்கு பத்தி எழுதுனாரு. 1865ல அங்க அடிமை முறையை ஒழிச்சுச் சட்டம் திருத்துனப்ப, குற்றத்துக்குத் தண்டனையா மட்டும் கட்டாய வேலை வாங்கலாம்னு ஒரு வாசலைத் திறந்து விட்டாவ. தெற்கு மாநிலங்கள்ல கறுப்பின மக்களைச் சின்னக் குற்றத்துக்குப் பிடிச்சு, நிலக்கரிச் சுரங்கத்துக்கும் தோட்டத்துக்கும் கைதியை வாடகைக்கு விட்டாவ. அலபாமாவுல அது 1928 வரைக்கும் நடந்திருக்கு. வாசிச்சப்ப எனக்குச் சோறு இறங்கல.

இப்ப உன் கேள்வி. 1876ல எல்மைராங்கிற இடத்துல இளைஞர்களுக்கு ஒரு ஜெயில் திறந்தாவ. அங்க கோர்ட்டு நாள் குறிக்காது, அதிகபட்சம் மட்டும் இருக்கும். நடத்தையைப் பாத்து ஜெயில்லதான் விடுவாவ. பரோல், அதாவது தண்டனை முடியுறதுக்கு முன்னாலயே கண்காணிப்போட வெளிய விடுறது, அங்க அப்படித்தான் வேர் விட்டுது. நூறு வருஷம் ஓடுச்சு. ஆனா ஒரே குற்றத்துக்கு ஒருத்தன் 2 வருஷத்துல போவான், இன்னொருத்தன் 9 வருஷம் இருப்பான், அதுல தோல் நிறமும் விளையாடும். அதனால நல்லது நினைச்சவங்களும் எதுத்தாவ, கடுமை வேணும்ன்னவங்களும் எதுத்தாவ. 1973ல நியூயார்க்குல குறிப்பிட்ட அளவுக்கு மேல போதைப்பொருள் விக்கிறவனுக்குக் குறைஞ்சது 15 வருஷம்னு சட்டம். 1984ல மத்திய அரசு பரோலையே எடுக்கச் சட்டம் போட்டு, ஒரு அட்டவணை கொண்டு வந்துச்சு. குற்றத்தின் கனம் 43 படி, பழைய வழக்கு 6 பத்தி. 2005 வரைக்கும் நீதிபதி கட்டத்தைத் தேடி விரலை வெச்சே ஆகணும். 1994ல கலிபோர்னியாவுல மூணாம் தடவைன்னா 25 வருஷத்துல இருந்து ஆயுள் வரை. முன்னால திருட்டும் வழிப்பறியும் செஞ்ச ஒருத்தர், 3 கோல்ஃப் மட்டையைப் பேண்ட் காலுக்குள்ள ஒளிச்சுத் திருடுனதுக்கு அந்த 25 விழுந்துச்சு. 2003ல உச்ச நீதிமன்றமும் 5க்கு 4ன்னு சரின்னுட்டுது.

அந்த மியூசியம் முத்தத்துல 16 அடி உயரத்துக்கு இரும்புப் பட்டையால ஒரு வரைபடம் நிக்கி. பத்து வருஷத்துக்கு ஒரு பட்டை. 1970 வரைக்கும் இடுப்பளவு, அதுக்கு மேல அண்ணாந்துதான் பாக்கணும். 1972ல பெரிய ஜெயில்கள்ல சுமார் 2 லட்சம் பேர், 2009ல 16 லட்சம். லோக்கல் ஜெயில் கணக்கு தனி.

12 உயிருக்கு 12 ஆயுள்னா அது எனக்கு விளங்குது. ஒவ்வொரு வீட்டுக்கும் தன் பிள்ளை பேருக்குத் தனியா ஒரு தீர்ப்பு வேணும்லா? அப்பீல்ல ஒண்ணு ரத்தானாலும் மத்தது நிக்கும். என் மனசுல குத்துறது அந்தக் கோல்ஃப் மட்டைதான். நான் டூட்டி பாத்த இடத்துல களக்காட்டுக்காரர் ஒருத்தர், வரப்புத் தகராறுல கொலை, ஆயுள் கைதி. ரெமிஷன், அதாவது தண்டனைக் கழிவு, போட்டதும் என்கிட்ட வந்து, "ஐயா, இன்னும் எத்தனை?"ம்பார். கிழிச்ச காலண்டர் தாளுக்குப் பின்பக்கம் எழுதிக் கொடுப்பேன். அதைப் பாக்கு அளவுக்கு மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்குவார். அந்தத் தாளு இருக்க வரைக்கும் அவரால எனக்கு ஒரு நாளும் தொந்தரவு வந்தது இல்ல. கட்டத்துல விரலை வெச்சுத் தண்டனை கொடுத்தா, அந்த ஆளு மாறிட்டானான்னு திரும்பிப் பாக்க ஆளே இல்லாமப் போகுது. அதைத்தான் அவங்க 50 வருஷத்துக்கு முன்னால தொலைச்சாவ.

பொருநை வக்கீல்:

அண்ணாச்சி எழுதினதைக் கோர்ட்டுல இருந்து வந்ததும் ரெண்டு தடவை வாசிச்சேன். செல்வம், 14 வருஷத்தை மட்டும் திருத்திக்கோங்க. நம்ம சட்டத்துல ஆயுள்னா ஆயுசு முடியுற வரைக்கும்தான், 1961லயே உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. கொலை மாதிரி மரண தண்டனைக்கும் இடமுள்ள குற்றத்துல, 14 வருஷம் உள்ள இருக்காம அரசு விடுதலை பண்ணக் கூடாதுங்கிறதுதான் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 1978ல வந்த 433ஏ பிரிவு, 2024ல இருந்து புதுச் சட்டத்துல அது 475. அது கீழ் எல்லை, விடுதலைத் தேதி இல்லை. 2016ல தமிழ்நாட்டு வழக்கு ஒண்ணுல 5 நீதிபதிகள் அமர்வு, ஆயுள் தண்டனைகளை ஒண்ணு முடிஞ்சு ஒண்ணுன்னு அடுக்க முடியாது, மனுஷனுக்கு ஒரே ஆயுசுன்னு தீர்ப்பு சொல்லிருக்கு. நேத்து உங்க ரூம்ல நடந்த வாக்குவாதமேதான்.

ஒட்டப்பிடாரத்து அண்ணன் சொன்ன பயமும் சரி. அமெரிக்காவுல பெரும்பாலான வழக்கு விசாரணைக்கே வராது. 2012ல அவங்க உச்ச நீதிமன்றம் சொன்ன கணக்கு, மத்திய கோர்ட்டுத் தண்டனைகள்ல 97 சதவீதம் குற்றத்தை ஒத்துக்கிட்டு வந்தது. 88 டாலர் 30 சென்ட் செக் மோசடி வழக்கு ஒண்ணு உண்டு. ஒத்துக்கிட்டா 5 வருஷம் கேப்பேன்னார் அரசு வக்கீல். அந்த ஆள் மாட்டேன்னதும், பழைய வழக்குகளைக் காட்டி வழக்கமான குற்றவாளிங்கிற சட்டத்துல ஆயுள் வாங்கிக் கொடுத்துட்டார். 1978ல உச்ச நீதிமன்றம் அதுல தப்பில்லைன்னுட்டுது. பெரிய எண்ணு பாதி நாள் மேசைக்கு மேல கிடக்கிற கம்பு. ஒரு நாள் கூட ரிமாண்டுல இருந்தவங்களுக்குத் தெரியும் அந்தக் கம்போட கனம்.

செங்கோட்டை செல்வம்:

எல்லாருக்கும் நன்றி. அண்ணாச்சி, அந்தக் களக்காட்டுக்காரர் வெளிய வந்தாரா?

சமாதானபுரம் பழைய வார்டர்:

வக்கீலம்மா சொன்னது சரி. 14, 14ன்னு நானே எத்தனையோ பேருக்குச் சொல்லிருக்கேன், இனிமே சொல்ல மாட்டேன்.

வந்தார் தம்பி. 2008 செப்டம்பர் 15, அண்ணா நூற்றாண்டுக்கு 1,405 ஆயுள் கைதிகளை விட்டாவல்லா, அதுல அவரும் ஒருத்தர். காலையில கேட்டுப் பக்கம் என்னைப் பாத்ததும் வழக்கம்போல "ஐயா"ன்னு கிட்ட வந்தார். "களக்காடு பஸ்ஸு எத்தனை மணிக்கு?"ன்னார். நீங்க உள்ள வந்தப்ப ஜங்ஷன்ல நின்ன பஸ்ஸு இப்ப வேய்ந்தான்குளத்துல நிக்குன்னு சொல்லி, டூட்டி முடிஞ்சிருந்ததால நானே சைக்கிள்ல பின்னால உக்கார வெச்சுக் கொண்டு போய் விட்டேன்.