தைராய்டு மாத்திரை போட்டும் டி.எஸ்.எச். இறங்கவில்லையா? கவுண்டரிலும் லேபிலும் பார்த்தவை

மருந்துக்கடை கவுண்டரிலிருந்து:

டி.எஸ்.எச். என்பது தைராய்டு சுரப்பியை வேலை செய்யத் தூண்டும் ஹார்மோன், தைராய்டு ஹார்மோன் குறைந்தால் இது ஏறும். "டோஸை ஏத்திட்டாங்க" என்று சீட்டை நீட்டுபவரிடம் முதலில் கேட்க வேண்டியது, மாத்திரையை எதோடு விழுங்குகிறீர்கள் என்பதைத்தான். "காபியோடதான்" என்று பதில் வரும். தைராக்சினை, அதாவது குறைந்துபோன தைராய்டு ஹார்மோனை ஈடுகட்டும் இந்த மாத்திரையை, வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போட வேண்டும். அதன்பின் குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம், காபி, டீ, பால், இட்லி எதுவும் உள்ளே போகக் கூடாது. காலை அவசரத்தில் இது நடக்காது என்பவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டு இரவுக்கு மாற்றிக்கொள்ளலாம், சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்து.

கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை, நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் அலுமினியம் கலந்த மருந்து இவற்றுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். இவை குடலிலேயே தைராக்சினைப் பிடித்துக்கொள்வதால் ரத்தத்துக்குப் போய்ச் சேரும் அளவு குறைந்துவிடும். இதில் அதிகம் மாட்டிக்கொள்பவர்கள் கர்ப்பிணிகள். ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்களுக்குக் கரு தரித்ததும் டோஸ் 25 முதல் 30 சதவீதம் கூடத் தேவைப்படும். அதே நேரம் இரும்பும் கால்சியமும் கைக்கு வரும், மூன்றையும் சேர்த்து ஒரே வாயில் போட்டுவிடுவார்கள். எழுந்ததும் தைராக்சின், மதியச் சாப்பாட்டுக்குப் பின் இரும்பு, இரவில் கால்சியம் என்று அட்டையிலேயே பேனாவால் எழுதிக் கொடுத்தால் குழப்பம் தீரும்.

பாட்டிலையும் பாருங்கள். 100 மாத்திரை பாட்டிலை அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் வைத்திருப்பார்கள், மூடியும் சரியாகத் திருகியிருக்காது. வெயில், வெளிச்சம், ஈரம் மூன்றுமே தைராக்சினுக்கு ஆகாது. அக்னி நட்சத்திரத்தில் வண்டியின் டிக்கியில் கிடந்த பாட்டிலை நம்பி டோஸைக் கணக்குப் போட முடியாது.

லேபிலிருந்து:

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ரத்தம் கொடுக்கும் நாளில் முதலில் ரத்தம், பிறகு மாத்திரை. மாத்திரை போட்ட சில மணி நேரத்துக்கு எஃப்டி4 (ரத்தத்தில் கட்டுப்படாமல் உலவும் தைராக்சின் அளவு) சற்று ஏறியே காட்டும். டி.எஸ்.எச். இரவிலும் விடியற்காலையிலும் உயர்ந்திருக்கும், பிற்பகலில் இறங்கும். போன முறை காலை 7 மணி, இந்த முறை மாலை 3 மணி என்றால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பொருளில்லை.

முடி கொட்டுகிறதென்று பயோட்டின் (பி வைட்டமின்களில் ஒன்று) எடுப்பவர்கள் கட்டாயம் சொல்லுங்கள். உடலுக்கு ஒரு நாளுக்கு ஏறத்தாழ 30 மைக்ரோகிராம் போதும். கடை மாத்திரையில் 5 மி.கி., 10 மி.கி. என்று இருக்கும். லேபில் பல கருவிகள் ரத்தத்திலுள்ள ஹார்மோனைப் பிடித்து அளப்பதே பயோட்டினை வைத்துத்தான். ரத்தத்தில் அது மிகுந்தால் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும் எஃப்டி4 பொய்யாகக் கூடியும் வரும். பார்ப்பவருக்குத் தைராய்டு அதிகமாகச் சுரப்பது போலவே தெரியும், தேவையான டோஸைக் குறைத்துவிடுவார்கள். குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்திவிட்டு வாருங்கள்.

மருத்துவ ஆய்வுப் பணியிலிருந்து:

டி.எஸ்.எச். எக்கச்சக்கமாக ஏறியிருக்கும், எஃப்டி4 மேல் எல்லையைத் தொட்டு நிற்கும். இந்த ஜோடி வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது, வாரக்கணக்கில் மாத்திரையை மறந்துவிட்டுப் பரிசோதனைக்கு முந்தைய சில நாள் மட்டும் ஒழுங்காகப் போட்டதைத்தான். எஃப்டி4 சீக்கிரம் ஏறிவிடும். டி.எஸ்.எச். நிலைக்கு வர 6 முதல் 8 வாரம் பிடிக்கும், காரணம் ரத்தத்தில் தைராக்சின் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 7 நாள் ஆகிறது. ஆய்வுகளில் பாட்டிலைத் திரும்ப வாங்கி மிச்ச மாத்திரையை எண்ணுவது இதனால்தான். வீட்டிலும் பாட்டில் திறந்த தேதியை அதன்மேல் எழுதிவைத்தால் போதும், எண்ணிக்கை உண்மையைச் சொல்லிவிடும்.

இன்னொன்று. எல்லா டி.எஸ்.எச். ஏற்றத்துக்கும் மாத்திரை தேவையில்லை. 65 வயதைத் தாண்டிய, லேசான தைராய்டு குறைபாடு உள்ள 737 பேரை ஐரோப்பாவில் டிரஸ்ட் (TRUST) என்ற ஆய்வு பின்தொடர்ந்தது. 2017இல் வந்த முடிவில், மாத்திரையால் டி.எஸ்.எச். இறங்கியதே தவிர, சோர்வும் மற்ற தைராய்டு அறிகுறிகளும் வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிடக் குறையவில்லை.

உணவு ஆலோசனைப் பக்கத்திலிருந்து:

எடைக்கு எல்லாப் பழியையும் தைராய்டின் மேல் போட வேண்டாம். சுரப்பு குறைவால் கூடுவது பொதுவாக 2 முதல் 5 கிலோ, அதிலும் பெரும்பகுதி உப்பும் நீரும். உடல் பருமனே டி.எஸ்.எச்.ஐ லேசாக ஏற்றும், எடை குறைந்ததும் அது தானாக இறங்குவதும் உண்டு. மெலிவதற்காகத் தைராக்சினைக் கூட்டிக் கேட்பவர்களுக்கு இதயத் துடிப்புத் தடுமாறும், எலும்பு தேயும். இதை நான் கண்டிப்பாகவே சொல்வேன்.

மருந்துக்கடை கவுண்டரிலிருந்து, மறுபடியும்:

கடையில் கம்பெனி மாற்றிக் கொடுத்தால் வாங்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் அந்தத் தேதியைக் குறித்து, 6 வாரம் கழித்து ஒரு டி.எஸ்.எச். பார்த்துவிடுங்கள்.