முதல் ஷாட் புளிப்பு, மூன்றாவது கசப்பு: இயந்திரம் மாற்றினால் தீருமா? டூயல் பாய்லரா, ஹெச்எக்ஸா?

காலைக்கோப்பை

வணக்கம். இப்போது இருப்பது ஒற்றை பாய்லர் (கொதிகலன்) எஸ்ப்ரெஸோ இயந்திரம். தெர்மோஸ்டாட்தான், பிஐடி (வெப்பத்தை நுணுக்கமாகக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி) கிடையாது. 58 மிமீ போர்ட்டாஃபில்டர் (தூளை வைத்துப் பூட்டும் கைப்பிடி), 64 மிமீ தட்டை பர் (அரைக்கும் வளையம்) கிரைண்டர். 18 கிராம் தூளுக்கு 36 கிராம் ஷாட் (ஒரு தடவை இறக்கும் காபி), 27 முதல் 29 விநாடி. எடையும் நேரமும் தினமும் ஒழுங்காக வருகின்றன, ருசிதான் ஒரு நிலையில் நிற்பதில்லை. முதல் ஷாட் புளிக்கிறது, மூன்றாவது தொண்டையைப் பிடிக்கிற கசப்பு.

காலையில் அடுத்தடுத்து நான்கு கோப்பை. இரண்டு பாலில்லாமல், லைட் ரோஸ்டில் (லேசாக வறுத்த கொட்டை). இரண்டு பாலோடு, கோப்பைக்கு 200 மில்லி பால். குடிநீர் இணைப்பு கொடுக்க வழியில்லை, தொட்டிதான். ஊற்றுவது ஆர்ஓ தண்ணீர்.

மனதில் இருப்பவை மூன்று: ஈ61 வகை குரூப் (தூள் மேல் வெந்நீரை இறக்கும் தலைப்பகுதி) வைத்த ஏதாவதொரு ஹெச்எக்ஸ் (ஹீட் எக்ஸ்சேஞ்சர்), லெலிட் பியாங்கா, லா மார்சோக்கோ லினியா மினி. கடைசி இரண்டும் டூயல் பாய்லர், அதாவது காபிக்கு ஒன்று, நீராவிக்கு ஒன்று. வாங்கினால் பத்து வருடம் ஓட வேண்டும். எதை எடுப்பது? அதற்கு முன், கோளாறு இயந்திரத்தில்தானா, என் கையிலா?

ஒன்பதுபார்

கடைசிக் கேள்விக்கு முதலில் விடை தேடுங்கள். எடையும் நேரமும் மாறாமல் ருசி மட்டும் மாறினால் வெப்பத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். அந்த வகைத் தெர்மோஸ்டாட் ஒரு வெப்பத்தில் அணைந்து, வெகுவாகக் கீழே இறங்கிய பிறகே மறுபடி எரியும். இரண்டுக்கும் நடுவே 10 டிகிரிக்கு மேல் இடைவெளி இருப்பது சாதாரணம். நீங்கள் அதில் எந்த இடத்தில் பொத்தானை அழுத்துகிறீர்களோ அதுதான் அன்றைய ருசி.

சோதனை இதுதான். இயந்திரம் நன்றாகச் சூடான பிறகு, சூடேற்றி விளக்கு எரியும்வரை குரூப் வழியாகத் தண்ணீரை விடுங்கள். விளக்கு அணைந்ததும் சரியாக 30 விநாடி எண்ணி ஷாட்டை எடுங்கள். ஐந்து நிமிட இடைவெளியில் மூன்று முறை, மூன்றுக்கும் அதே தூள், அதே அரைப்பு. மூன்றும் ஒன்றுபோல வந்தால் கோளாறு வெப்பத்தில். அப்படியும் மாறினால் அடி திறந்த போர்ட்டாஃபில்டரை மாட்டிப் பாருங்கள். ஓரத்தில் பீய்ச்சியடித்தாலோ ஒரு பக்கம் சீக்கிரம் வெளுத்தாலோ தூள் சமமாகப் பரவவில்லை, தண்ணீர் குறுக்குவழி கண்டுபிடித்துவிட்டது. அதை எவ்வளவு பெரிய இயந்திரமும் சரிசெய்யாது.

காலைக்கோப்பை

சோதித்தாயிற்று. மூன்றும் கிட்டத்தட்ட ஒரே ருசி. பீய்ச்சல் இல்லை. ருசி சீராகிவிட்டது, ஆனாலும் லைட் ரோஸ்டில் லேசான புளிப்பு மீதமிருக்கிறது.

நீராவிக்கணக்கு

அப்படியானால் புது இயந்திரம் கேட்பது நியாயம்தான். ஆனால் உங்கள் பட்டியலிலிருந்து ஹெச்எக்ஸை எடுத்துவிடுங்கள். காரணம் சொல்கிறேன்.

ஹெச்எக்ஸில் இருப்பது ஒரே பாய்லர். அதில் எப்போதும் நீராவி, 1 பார் அழுத்தத்தில் சுமார் 120 டிகிரி. காபிக்கான தண்ணீர் அதனுள்ளே போகும் ஒரு குழாயில் ஓடிச் சூடாகிறது. கொஞ்ச நேரம் சும்மா விட்டால் குழாய்க்குள் நிற்கும் தண்ணீர் கொதிநிலையைத் தாண்டிவிடும். அதனால்தான் ஷாட்டுக்கு முன் கொஞ்சம் தண்ணீரை வெளியேற்ற வேண்டியிருக்கிறது. சீறல் நின்று நீரோட்டம் அமைதியானபின் எத்தனை விநாடி விடுவது என்பதெல்லாம் கைப்பழக்கம். மீடியம் ரோஸ்டில் பால் காபி மட்டுமே போடுபவர்களுக்கு அது தாராளமாகப் போதும். லைட் ரோஸ்டுக்கு 94 டிகிரி, அடுத்து வாங்கும் கொட்டைப் பைக்கு 95 என்று மாற்றிப் பார்க்க நினைத்தால் சங்கடம். பாய்லர் அழுத்தத்தைத் தொட்டால் நீராவியும் சேர்ந்தே மாறும். டூயல் பாய்லரில் இரண்டும் தனித்தனி.

அடுத்து நீராவி. விளம்பர வார்த்தைகளை நம்பாமல் கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 மில்லி பாலை 5 டிகிரியிலிருந்து 60க்குக் கொண்டுபோக ஏறக்குறைய 43 கிலோஜூல் வேண்டும். ஒரு கிராம் நீராவி பாலுக்குள் குளிர்ந்து நீராகும்போது சுமார் 2.4 கிலோஜூல் கொடுக்கும். ஆக 18 கிராம் நீராவி. (பால் அந்த அளவுக்கு நீர்த்துப்போகிறது என்பதும் இதற்குள்ளேயே இருக்கிறது. குழாயில் தேங்கிய நீரை முதலில் வெளியே ஊதிவிடச் சொல்வது இதனால்தான்.) 1,200 வாட் சூடேற்றி மட்டும் இந்த வெப்பத்தைத் தர 36 விநாடி எடுக்கும். நமக்கோ 20, 25 விநாடியில் பால் தயாராக வேண்டும். பற்றாக்குறையை ஈடுகட்டுவது பாய்லரில் ஏற்கெனவே கொதித்துக்கிடக்கும் தண்ணீர். உள்ளே ஒரு லிட்டர் இருந்தால், அது 127 டிகிரியிலிருந்து 120க்கு இறங்கும்போது 29 கிலோஜூல் விடும்.

பியாங்காவின் நீராவி பாய்லர் 1.5 லிட்டர், லினியா மினியுடையது 3.5 லிட்டர். இரண்டு கோப்பைப் பாலுக்கு முதலாவதே போதும். நடுவே ஒரு நிமிடம் கிடைத்தால் அழுத்தம் ஏறிவிடும். ஆறேழு கோப்பை இடைவிடாமல் போடுவதாக இருந்தால்தான் பெரிய பாய்லர் பேசும்.

மெல்லூறல்

மேலே சொன்னதை ஏற்கிறேன். மீதமுள்ள அந்தப் புளிப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

லைட் ரோஸ்ட் விதை கெட்டியானது, கரைய நேரம் கேட்கும். 9 பார் சட்டென்று இறங்கினால் தூள் நனைந்து முடிவதற்குள் ஷாட் ஓடத் தொடங்கிவிடும். பியாங்காவின் துடுப்பு (மேலே உள்ள கைப்பிடி) நீரோட்டத்தைக் கூட்டிக்குறைக்கும் ஓர் ஊசி வால்வைத் திருப்புகிறது. அதை ஒடுக்கி வைத்து 2, 3 பாரில் 8 முதல் 10 விநாடி தூளை ஊறவிட்டு, அடியில் முதல் துளிகள் தெரிந்ததும் திறக்கலாம். அரைப்பை இன்னும் நயமாக்கலாம், 18க்கு 45 கிராம்கூட எடுக்கலாம். லினியா மினியின் துடுப்பு பார்க்க அதே மாதிரி இருந்தாலும் அது வெறும் ஆன்-ஆஃப். அதன் பலம் வேறு: குரூப் காபி பாய்லரோடு ஒட்டியிருப்பதால் வெப்பம் அசையாது, சூடாகவும் குறைந்த நேரமே.

பியாங்காவில் இருப்பதும் ஈ61தான், அதாவது 1961இல் ஃபேமா நிறுவனம் கொண்டுவந்த குரூப். ஏறக்குறைய 4 கிலோ உலோகம், அதற்குள் வெந்நீர் தானாகச் சுற்றி அதைச் சூடாக்குகிறது. பாய்லர் பத்து நிமிடத்தில் தயார் என்று காட்டினாலும் குரூப் தயாராக அரைமணிக்கு மேல் ஆகும். போர்ட்டாஃபில்டரைப் பூட்டியே வைத்திருங்கள், இல்லாவிட்டால் அதுவே ஒரு குளிர்ந்த உலோகக் கட்டி. இந்தக் காத்திருப்பு ஒத்துவராது என்றால் லினியா மினிக்குப் போங்கள். ஒத்துவரும் என்றால் உங்கள் கோப்பைகளுக்கு பியாங்காதான்.

காலைக்கோப்பை

காத்திருப்பதற்கு டைமர் பிளக் போடலாம் என்று பார்க்கிறேன். ஆபத்து உண்டா?

ஒன்பதுபார்

பிளக்கின் ஆம்பியரைப் பாருங்கள். இரண்டு சூடேற்றியும் சேர்ந்து 2,400 வாட் இழுத்தால் 230 வோல்ட்டில் 10.4 ஆம்பியர். 10 ஆம்பியர் பிளக் சூடாகி உருகக்கூடும், 16 ஆம்பியர் எடுங்கள். 120 வோல்ட் நாடுகளில் அதே கணக்கு 20 ஆம்பியர். அதனால் அங்கே விற்பவை பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு பாய்லரையே சூடாக்கும். இன்னொன்று: மின்சாரம் வந்ததும் தானாக எழும் மாடலா, பொத்தானை அழுத்தினால்தான் எழும் மாடலா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவதென்றால் பிளக்கால் பயனில்லை, உள்ளே இருக்கும் டைமரைத்தான் நம்ப வேண்டும். தொட்டியை நிரப்பாமல் டைமரை ஓட விடாதீர்கள்.

தண்ணீர்தரம்

எல்லோரும் ஆர்ஓவைக் கவனிக்காமல் தாண்டிவிட்டீர்கள். எனக்கு அதுதான் இதில் பெரிய விஷயம். எந்த இயந்திரம் வாங்கினாலும் அந்தத் தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள்.

நீராவி பாய்லரில் நீர்மட்டத்தை அறிவது ஒரு உலோகக் கம்பி. தண்ணீர் வழியாக நுண்ணிய மின்னோட்டம் பாய்ந்தால்தான் அதற்குத் தெரியும். உப்பே இல்லாத தண்ணீரில் பாயாது. பாய்லர் காலி என்று நினைத்து இயந்திரம் நிரப்பிக்கொண்டே போகும், நீராவிக் குழாயில் வெந்நீர் வரும். தவிர, காரத்தன்மை இல்லாத நீர் செம்பையும் பித்தளையையும் அரிக்கும். காபியும் சப்பென்றிருக்கும், புளிப்பு தூக்கலாகத் தெரியும். உங்கள் புளிப்பில் இதற்கும் ஒரு பங்கு இருக்கலாம்.

பொட்டாசியம் பைகார்பனேட், உணவுத்தரம், 10 கிராம். ஒரு லிட்டர் ஆர்ஓ நீரில் கரைத்து வையுங்கள். இந்தக் கரைசலில் 10 மில்லியை ஒவ்வொரு லிட்டர் ஆர்ஓ நீருக்கும் சேர்த்தால் லிட்டருக்கு 100 மில்லிகிராம், அதாவது கால்சியம் கார்பனேட் கணக்கில் 50 காரத்தன்மை. கால்சியமே இல்லாததால் சுண்ணாம்பு படியாது. குழாய்த் தண்ணீரைக் கலந்து சரிக்கட்டலாம் என்று பார்க்காதீர்கள். அதிலுள்ள குளோரைடு துருப்பிடிக்காத எஃகையே துளைக்கும், கரி வடிகட்டி குளோரினைத்தான் எடுக்குமே தவிர குளோரைடை எடுக்காது.

சுண்ணாம்பைப் படியவிட்டுப் பிறகு அமிலத்தால் கரைக்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். டூயல் பாய்லரில் உடைந்து வரும் செதில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துளைகளில் போய் அடைத்துக்கொள்ளும். பிறகு பிரித்துத்தான் ஆக வேண்டும்.

காலைக்கோப்பை

இன்றே கலந்துவிடுகிறேன், பழைய இயந்திரத்திலேயே வித்தியாசம் தெரிகிறதா பார்க்கலாம். பியாங்கா என்று முடிவு. பராமரிப்பில் ஈ61க்கென்று தனியாக ஏதாவது?

மெல்லூறல்

துளையில்லாத பாஸ்கெட்டால் தினமும் வெறும் தண்ணீரில் பேக்ஃப்ளஷ் (தண்ணீரைப் பின்னோக்கித் தள்ளி குரூப்பைக் கழுவுவது). கழுவும் பொடியோடு மாதம் ஒருமுறை போதும்: 3 கிராம், 10 விநாடி ஆன், 10 விநாடி ஆஃப், ஐந்து சுற்று, பிறகு பொடியில்லாமல் அதே ஐந்து. பொடி அதிகமானால் லீவர் அச்சின் கிரீஸ் கழுவப்பட்டுப் போகும். லீவர் கீச்சிட்டால் அச்சைக் கழற்றி உணவுத்தர சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். குரூப் கேஸ்கட் (கசிவைத் தடுக்கும் வளையம்) கெட்டியாகிவிட்டால் போர்ட்டாஃபில்டர் கைப்பிடி நேர்நிலையைத் தாண்டி வலப்பக்கம் போகும். அப்போது மாற்றுங்கள். இறுக்கிப் பூட்டிச் சமாளிக்காதீர்கள், பூட்டும் காதுகள் தேய்ந்துவிடும்.

இயந்திரம் வரும் முன் அலமாரிக்கு அடியில் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். கோப்பைத் தட்டுக்கு மேல் இடமிருந்தால் மட்டும் போதாது, தண்ணீர்த் தொட்டியை எடுத்து வைக்கவும் கை போக வேண்டும்.