பிரான்சில் ஐந்து மாதத் தங்கலுக்குக் கார்: வாடகையா, குத்தகையா, பழைய வண்டியா?

லாஸ்பேட்டைவாசி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகளும் மருமகனும் பிரான்சில், ரென் நகரை விட்டு விலகிய ஒரு சிற்றூரில் குடியிருக்கிறார்கள். மகளுக்குத் தலைப்பிரசவம் என்பதால் நானும் என் மனைவியும் புதுச்சேரியிலிருந்து சென்று ஐந்து மாதங்கள் உடனிருக்கத் திட்டமிட்டிருக்கிறோம். அதற்கேற்ற நீண்டகாலப் பார்வையாளர் விசாவும் கிடைத்துவிட்டது. மருமகன் காலையில் தம் காரை எடுத்துக்கொண்டு வேலைக்குச் சென்றுவிடுவார். பேருந்து அபூர்வமாகத்தான் வரும் என்பதால், மருத்துவமனைக்கும் கடைகளுக்கும் செல்ல எங்களுக்கென்று ஒரு வண்டி வேண்டும்.

மாத வாடகையாகக் கேட்ட தொகை மலைக்க வைக்கிறது. பழைய கார் ஒன்றை வாங்கிவிட்டுத் திரும்பும்போது விற்றுவிடலாம் என்கிறார் மருமகன். சிவப்பு எண் பலகையுடன் புதிய காரைக் குத்தகைக்குத் தரும் திட்டம் உண்டு என்று உறவினர் ஒருவர் சொன்னார். எனக்கு வயது 62. இங்கே பல ஆண்டுகளாகக் கார் ஓட்டுகிறேன், வெளிநாட்டில் ஓட்டியதில்லை. எதைத் தேர்ந்தெடுப்பது, புறப்படும் முன் இங்கே என்னென்ன முடித்துக்கொள்வது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முத்தியால்பேட்டை:

வணக்கம் ஐயா. உங்கள் உறவினர் சொன்ன திட்டம் உண்மையானது. ஐரோப்பிய ஒன்றியத்திற்கு வெளியே நிரந்தரமாக வசிப்பவர்கள் தற்காலிகமாக வந்து தங்கும்போது, 20 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி இல்லாமல் ஒரு புதிய காரைப் பெற்றுப் பயன்படுத்திவிட்டுத் திருப்பித் தரும் ஏற்பாடு அது. ரெனோ நிறுவனம் இதை யூரோடிரைவ் என்ற பெயரில் நடத்துகிறது. காகிதத்தில் பார்த்தால் நீங்கள் அந்தக் காரை வாங்குகிறீர்கள், நிறுவனம் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள முன்பே ஒப்புக்கொள்கிறது. அதனால்தான் அந்த வண்டிக்குச் சிவப்பு நிறத்தில் தற்காலிகப் பதிவு எண் தருகிறார்கள். முழுக் காப்பீடும், விபத்து நேர்ந்தால் நம் பங்காக எதுவும் கட்டவேண்டாத நிலையும், தூரக் கட்டுப்பாடு இல்லாமையும் இதன் பெரிய வசதிகள். சில வாரங்களுக்குக் குறைந்த பயணத்திற்கு இது ஒத்துவராது. ஆறு மாதத்திற்கு உட்பட்ட உங்கள் தங்கலுக்கோ, நாள் கூடக் கூட நாளொன்றுக்கான செலவு குறையும் என்பதால், வாடகையை விட இதுவே கட்டுப்படியாகும் என்பது என் கணிப்பு.

ஆனால் பணம் அனுப்பும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். வரிச்சலுகை வெளியே வசிப்பவருக்கானது. அங்கேயே வசிக்கும் உங்கள் மகளோ மருமகனோ இந்தக் காரை ஓட்டக்கூடாது. பிரசவத்திற்குப் பிறகு மகளும் ஓட்டுவார் என்று நீங்கள் எண்ணியிருந்தால், திட்டத்தின் பயனில் பாதி போய்விடும். மேலும் உங்களுடையது நீண்டகால விசா என்பதால், உங்கள் வசிப்பிடம் இந்தியாவாகவே கருதப்படுமா என்பதை, விசாப் பக்கத்தின் நகலை அனுப்பி நிறுவனத்திடம் எழுத்து மூலமாக உறுதி பெறுங்கள். வண்டியை உங்கள் பெயரில் பதிவு செய்து தயாராக்க வேண்டியிருப்பதால், பயணத்திற்குச் சில வாரங்கள் முன்பே முன்பதிவு செய்வது அவசியம். முழுத் தொகையையும் முன்கூட்டியே கட்ட வேண்டியிருக்கும்.

பழைய கார் வாங்கும் யோசனையை நான் ஆதரிக்கமாட்டேன். நான்கு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டியென்றால் விற்பவர் ஆறு மாதத்திற்குள் எடுத்த தொழில்நுட்பச் சோதனைச் சான்றைக் காட்ட வேண்டும். பதிவுக்கு உள்ளூர் முகவரிச் சான்று தேவை. காப்பீட்டு நிறுவனமோ அந்த நாட்டில் உங்கள் முந்தைய ஓட்டுநர் வரலாற்றைக் கேட்கும். ஐந்து மாதத்திற்காக இத்தனையையும் சுமந்து, கடைசி வாரத்தில் வாங்குபவரைத் தேடி அலைவது, பேரக்குழந்தையைப் பார்க்கப் போகும் உங்களுக்கு வேண்டாத வேலை.

மஞ்சக்குப்பம் வாசகர்:

நான் கடலூரைச் சேர்ந்தவன். என் சகோதரி குடும்பத்தைப் பார்க்க பிரான்சுக்குச் சென்று வருபவன். வண்டி எதுவானாலும் முதலில் உங்கள் ஓட்டுநர் உரிமத்தை எடுத்துப் பாருங்கள் ஐயா. 55 வயதைக் கடந்தவர்களுக்கு ஒவ்வொரு முறையும் ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே புதுப்பித்துத் தருகிறார்கள். அது நீங்கள் அங்கிருக்கும்போது காலாவதியாகுமானால், காப்பீடு உள்பட எல்லாமே ஆட்டம் கண்டுவிடும். காலாவதி நாளுக்கு ஓராண்டு முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம் என்று 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் இடமளிக்கிறது. ஆகவே காத்திருக்கத் தேவையில்லை.

அதை முடித்த கையோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிச் சீட்டுக்கு விண்ணப்பியுங்கள். போக்குவரத்து அலுவலகமே இதையும் தரும். விண்ணப்பம் படிவம் 4ஏ, கட்டணம் 1,000 ரூபாய், செல்லுபடி ஓராண்டு. பிரெஞ்சு விதிப்படி வெளிநாட்டு உரிமம் பிரெஞ்சு மொழியில் இருக்க வேண்டும், அல்லது அதனுடன் அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்போ இந்த அனுமதிச் சீட்டோ இருக்க வேண்டும். சீட்டு மட்டும் தனித்துச் செல்லாது. மூல உரிமமும் எப்போதும் கையில் இருக்க வேண்டும். இணையத்தில் சில தனியார் தளங்கள் பன்னாட்டு உரிமம் என்ற பெயரில் பளபளப்பான அட்டைகளை விற்கின்றன. அவற்றுக்குச் சட்ட மதிப்பு எதுவுமில்லை என்பதை இதைப் படிக்கும் எல்லோருக்கும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

ஒருவேளை வாடகைக்கே போவதாக இருந்தால், பிணைத்தொகைக்காக ஓட்டுநரின் பெயரிலேயே உள்ள கடன் அட்டையைக் கேட்பார்கள். டெபிட் அட்டையைப் பல இடங்களில் ஏற்பதில்லை. நம் வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே இயக்கி வைக்க வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

லாஸ்பேட்டைவாசி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. உரிமத்தை எடுத்துப் பார்த்தேன். நாங்கள் திரும்புவதற்கு முந்தைய மாதமே காலாவதியாகிறது. நாளை முதலியார்பேட்டை போக்குவரத்து அலுவலகத்திற்குச் செல்கிறேன். மகள் ஓட்டக்கூடாது என்ற செய்திதான் என்னை யோசிக்க வைக்கிறது. பிரசவத்திற்குச் சில வாரங்கள் கழித்து அவளே குழந்தையை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல விரும்புவாள். அப்படியானால் மருமகனின் காரையே எல்லோரும் பயன்படுத்திக்கொள்ள வழியுண்டா?

குருசுக்குப்பம் அம்மா:

உண்டு, தம்பி, நான் முதலில் பார்க்கச் சொல்வது அதைத்தான். பிரான்சில் காப்பீடு வண்டியைச் சார்ந்தது என்பதால், உரிமையாளர் அனுமதியோடு வேறொருவர் ஓட்டினாலும் பெரும்பாலான ஒப்பந்தங்கள் பாதுகாப்பு அளிக்கும். ஆனால் பெயர் குறித்தவர் மட்டுமே ஓட்டலாம் என்ற நிபந்தனையுள்ள மலிவான ஒப்பந்தங்களும் உண்டு. பெயர் குறிக்காதவர் ஓட்டி விபத்து நேர்ந்தால் கூடுதல் தொகை கட்டவைக்கும் ஒப்பந்தங்களும் உண்டு. உங்கள் மருமகனைக் காப்பீட்டு நிறுவனத்திற்கு எழுதச் சொல்லி, உங்களை இரண்டாம் ஓட்டுநராகச் சேர்த்து, அதற்கான சான்றை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அலுவலகத்திற்கு அவர் ரயிலிலோ நண்பருடனோ வாரத்தில் சில நாட்கள் செல்ல முடியுமானால், வீட்டில் வண்டி நிற்கும் அந்த நாட்களுக்கு மருத்துவர் சந்திப்புகளை வைத்துக்கொள்ளலாம். அதுவும் இயலாதென்றால் மட்டும் குத்தகை வண்டியை நீங்களும், வீட்டு வண்டியை மகளும் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

ஓட்டுவதைப் பற்றியும் சொல்கிறேன், ஏனெனில் என் கணவர் அங்கே அதிகம் திணறியது அதில்தான். வலப்பக்கம் ஓட்டுவது ஓரிரு நாட்களில் பழகிவிடும். அறிவிப்புப் பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்புறத்திலிருந்து வருபவருக்கே முதல் உரிமை என்ற விதிதான் நம்மவர்களுக்குக் கடினம். சிறு தெருவிலிருந்து வரும் வண்டி நிற்கும் என்று நாம் நினைப்போம், அவர் நிற்காமல் வருவார். பெரும்பாலான வட்டச் சந்திப்புகளிலோ இதற்கு மாறாக, உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கே வழிவிட வேண்டும். கியரை வலக்கையால் மாற்ற வேண்டியிருப்பதால் தானியங்கி கியர் வண்டியைக் கேளுங்கள். உள்ளூர் ஓட்டுநர் பள்ளி ஒன்றில் ஒரு மணிநேரப் பாடம் எடுத்துக்கொண்டால், நாலைந்து நாட்களின் பதற்றம் குறையும்.

நகருக்குள் வேகம் 50 கிலோமீட்டர், நடுவே தடுப்பில்லாத ஊர்ப்புறச் சாலைகளில் பொதுவாக 80. ரென் நகர் அமைந்துள்ள பிரெத்தாஞ் பகுதியின் விரைவுச் சாலைகளில் சுங்கக் கட்டணம் கிடையாது என்பது உங்களுக்கு நல்ல செய்தி. பாரிசில் இறங்கியதும் தூக்கக் கலக்கத்தோடு வண்டியை எடுக்காதீர்கள். பாரிஸ் நகரிலிருந்து ரென் நகருக்கு அதிவேக ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணிநேரம்தான் ஆகும். பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அவரவர் அளவுக்கேற்ற இருக்கை கட்டாயம் என்பதால், பச்சிளங்குழந்தைக்கான இருக்கையை மருமகன் முன்பே வாங்கி, எந்த வண்டி வந்தாலும் அதில் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும். பிரசவம் முடிந்து மருத்துவமனையிலிருந்து குழந்தையைக் காரில் அழைத்து வரும்போதே அது தேவைப்படும்.