நம்ம மாடலை நிஜ வண்டிக்காரர் பார்த்த அனுபவம் இருக்கா? சொல்லுங்க

கிட் (பாகம் பாகமா பெட்டியில வர்ற மாடல்) ஒட்டுற எல்லாரும் கேட்டுக் கேட்டுப் புளிச்சுப்போன கேள்வி, "இது ஓடுமா?" ஓடாதுன்னு சொன்னதும் வந்தவருக்குப் பாதி ஆர்வம் போயிடும். விலையைச் சொன்னா மீதியும் போயிடும். அந்தப் புலம்பல் இங்க வேண்டாம். நிஜ வண்டியைச் செஞ்சவர், ஓட்டினவர், அதுக்கு ஸ்பானர் பிடிச்சவர், இப்படி யார் கையிலயாவது உங்க மாடல் போய்ச் சேர்ந்திருந்தா அதை எழுதுங்க. முதல்ல என்னுது.

நான் 1/35 அளவு, அதாவது நிஜத்துல முப்பத்தஞ்சுல ஒரு பங்கு, டாங்கி மட்டும்தான் செய்வேன். டைகர், பாந்தர்னு ஜெர்மன் வண்டிக்கு மட்டும் அலமாரி அலமாரியா கிட் வருது. நம்ம ஆவடியில செஞ்ச விஜயந்தாவைத் தேடினப்போ என் பட்ஜெட்டுக்கு எதுவும் சிக்கலை. சரி, பிளாஸ்டிக் ஷீட் வெட்டி நாமளே செய்வோம்னு உட்கார்ந்தேன். அதுக்கு அந்த வண்டியும் தோதானது. பிரிட்டனோட விக்கர்ஸ் கம்பெனி டிசைன், 105 மி.மீ. பீரங்கி, 1965-லேர்ந்து ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில உற்பத்தி. அமெரிக்காவோட பாட்டன் டாங்கியில டரெட் (பீரங்கியைத் தாங்கிச் சுத்துற மேல்கூடு) உருண்டையான வார்ப்பு, அதைக் கையால செதுக்குறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும். விஜயந்தா டரெட் தகடு தகடா வெட்டி வெல்டு வெச்சது. ஸ்கேலும் பிளேடும் இருந்தா முக்கால்வாசி வேலை முடிஞ்சுது. வெல்டுக்கு ஸ்புரூவை (கிட் பாகங்கள் ஒட்டி வர்ற பிளாஸ்டிக் சட்டம்) மெழுகுவர்த்தியில காட்டி நூலா இழுத்து, மூட்டுல பதிச்சு, பிளாஸ்டிக் ஒட்டுற சிமென்ட் பசை தடவி இளக்கி, கத்தி முனையால வரி வரியா அழுத்தணும்.

அந்தக் கட்டத்துலதான் கீழ்வீட்டுக்குக் குடிவந்த பெரியவர் தண்ணி மோட்டார் விஷயமா பேச மாடிக்கு வந்தார். மேசையில கிடந்தது பெயின்ட் பாக்காத வண்டி. பாதி வெள்ளை ஷீட்டு, பாதி வேற கிட்லேர்ந்து எடுத்த சாம்பல் நிறச் சக்கரம். பீரங்கிக் குழாய்கூட இன்னும் மாட்டலை. "விஜயந்தா"ன்னார். மோட்டார் பேச்சு அதோட நின்னுபோச்சு. டேபிள் லாம்ப்பைக் கிட்ட இழுத்து டரெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது ஒரே ஆள் போட்ட வெல்டு, தம்பி."

"ஆமா சார், நான்தானே செய்யிறேன்."

"அதைச் சொல்லலை. எங்க வண்டியில இந்தப் பக்கம் ஒருத்தன் போடுவான், அந்தப் பக்கம் அடுத்த ஷிஃப்ட்காரன் போடுவான். கை எந்தப் பக்கம் நகருதோ, வரியோட வளைவு அதைக் காட்டிக்குடுத்துடும். எங்க செட்ல ஒரு இடக்கைக்காரன் இருந்தான். அவன் போட்டது எதுன்னு தூர நின்னே சொல்லிடலாம்."

பணிக்காலம் பூரா ஆவடி வெல்டிங் ஷாப்லயே இருந்தவராம். அவ்வளவு கனமான தகடு ஒரே ஓட்டத்துல நிரம்பாது, அடியில ஒரு ரன் போட்டு, ஸ்லாக்கைத் தட்டி எடுத்து, கம்பி பிரஷ் போட்டு, அதுமேல அடுத்த ரன், இப்படி அடுக்கிக்கிட்டே வரணும்னு விரலாலயே மேசை விளிம்புல ஓட்டிக் காட்டினார். இன்ஜின் எப்படின்னு கேட்டேன். சிரிச்சுட்டார். லேலண்ட் எல்-60. ஆறு சிலிண்டர், ஒவ்வொண்ணுலயும் எதிரும் புதிருமா ரெண்டு பிஸ்டன். பிரிட்டிஷ்காரங்களோட சீஃப்டெய்ன் டாங்கியிலயும் இதே இன்ஜின்தான், அங்கயும் அது படுத்தின பாடு ஊரறிஞ்சது. "அதை வெல்டர்கிட்ட கேக்காத. இன்ஜின் செட்காரன் எவனாவது கிடைச்சா கேளு, அழுதுடுவான்."

அப்புறம் சாயங்காலம் ஆனா மேல வந்துடுவார். கத்தி முனை வேலை அவருக்குச் சரிப்படலை, கண்ணுல புரை. கடையில எம்-சீல் வாங்கிவந்து, பிசைஞ்சு, விரலை ஈரமாக்கி நூலா உருட்டி, பல்குத்தியால அழுத்தி அவர் பாணியில போட்டார். நாம ஆயிரத்துச் சொச்சம் குடுத்து வாங்குற எபாக்சி புட்டிக்கு எம்-சீல் ஒண்ணும் குறைஞ்சதில்லைன்னு அன்னைக்குத் தெரிஞ்சுது. என்ன, சீக்கிரம் இறுகிடும், கொஞ்சம் கொஞ்சமா பிசையணும். டரெட்டோட வலப்பக்கம் முழுக்க அவர் கை. போட்டோவுல வித்தியாசம் தெரியாது, விரல் வெச்சுத் தடவினா தெரியும்.

* * *

அண்ணே, வெல்டர் ஐயா கதை அருமைங்க. நான் டாங்கிப் பக்கமெல்லாம் போறதில்லைங்க. பஸ்தான், அதுவும் நம்மூர் பஸ். அதுக்குப் பெட்டியில எவனும் கிட் விக்கிறதில்லைங்கறதால ஃபோம் போர்டு, ஃபோரெக்ஸ்ங்கற பி.வி.சி. ஷீட், கண்ணாடிக்கு ஓஹெச்பி ஷீட்டுன்னு கையில கிடைக்கறதை வெச்சுச் செய்யறதுதானுங்க.

ஹைவேஸ்ல எல்லாரும் பார்த்திருப்பீங்க. வெறும் சேஸி, முன்னாடி இன்ஜின், ஸ்டியரிங், ஒரு சீட்டு. ஹெல்மெட்டும் கண்ணாடியும் மாட்டிக்கிட்டு, மூஞ்சியில துண்டைச் சுத்திக்கிட்டு ஒருத்தர் ஓட்டிட்டுப் போவாரு. சின்ன வயசுல அதைப் பார்த்துத்தானுங்க எனக்கு இந்தப் பைத்தியம் பிடிச்சுது. அந்தச் சேஸில பாதி எங்க கரூருக்குத்தான் பாடி கட்ட வரும். தெரிஞ்சவர் மூலமா ஒரு பாடி பில்டர் ஷெட்டுக்குள்ள விட்டாங்க. இஞ்ச் டேப்பை எடுத்துக்கிட்டு ஜன்னல் ஜன்னலா அளந்துட்டிருந்தேன். 1/24-ல செஞ்சா 12 மீட்டர் பஸ் அரை மீட்டர் நீளம் வருமுங்க, ஜன்னல் ஒரு மில்லி நகர்ந்தாக்கூட வரிசை கோணிக்கும்.

அங்க மேஸ்திரி முதல்ல கண்டுக்கவே இல்லை. அடுத்த தடவை செஞ்சு முடிச்ச கூடோட போனேன். கையில வாங்கி, முன்கண்ணாடியைப் பார்க்காம, சீட்டைப் பார்க்காம, நேராத் தலைகீழாக் கவுத்திட்டாரு! அடியில கிராஸ் மெம்பர் (குறுக்குச் சட்டம்) குடுத்திருக்கானா, லக்கேஜ் டிக்கிக்கு ஃப்ரேம் எப்படி ஏத்தியிருக்கான்னுதான் அவருக்குக் கணக்கு. "அடியையும் செஞ்சிருக்கானே பையன்"னு பக்கத்து ஆளுகிட்டச் சொன்னாரு. அப்புறம் டீ வந்துச்சு, சேர் வந்துச்சு, சந்தேகம் கேட்டா பதிலும் வந்துச்சுங்க.

ஆனா நான் சொல்ல வந்தது பெயின்டரைப் பத்தி. இப்பெல்லாம் பஸ் பேரு, ஊர் பேரு எல்லாமே ஸ்டிக்கர் கட்டிங்தான். அந்த ஷெட்ல பழைய ஆளு ஒருத்தர் இருந்தாரு, கையால எழுதறவரு. ஸ்டிக்கர் வேலை வந்தப்புறம் கோடு இழுக்கறது, டச்-அப்னு ஓட்டிட்டிருந்தாரு. நான் பிரின்ட் எடுத்து ஒட்டலாம்னு வெச்சிருந்த பேரைப் பார்த்து, "எதுக்குடா கண்ணு இது, குடு"ன்னு வாங்கிக்கிட்டாரு. குச்சியில சுண்டுவிரலை ஊனி, பிரஷ்ல முடி அஞ்சாறுதான் இருக்கும், "கரூர் – திண்டுக்கல்"னு எழுதினாரு. ஒரு எழுத்து அரை சென்டிமீட்டர்கூட இல்லைங்க. 'ண்'ணோட சுழியில ஷேடோ வேற! பின்கண்ணாடியில சாமி பேரு எழுதட்டுமான்னு கேட்டாரு. பெரிய பஸ்ஸுக்கு முதலாளிகிட்டக் கேப்பாங்கல்லங்க, அதே மாதிரி என்கிட்டக் கேட்டாரு.

பழைய சேரன், சோழன், பாண்டியன், கட்டபொம்மன் பஸ்ஸெல்லாம் செய்யணும்னு ஆசை. 1997-ல பேரெல்லாம் எடுத்துட்டு ஒரே அரசுப் போக்குவரத்துக் கழகம்னு ஆக்கிட்டாங்க. ரிட்டயர்டு டிரைவர், கண்டக்டர் வீட்டுல அந்தக் காலத்து கலர் போட்டோ இருந்தா யாராவது சொல்லுங்க.

* * *

எல்லாரும் நல்ல கதையா எழுதுறீங்க. என் கதையில வர்றவர் டிரைவரும் இல்ல, மெக்கானிக்கும் இல்ல. ஒரு பார்சல் ஆபீஸ்ல இருந்த அலுவலர்.

விஷயம் தெரியாதவங்களுக்கு: பொம்மைகள் மேல இறக்குமதி வரி 2020 பட்ஜெட்ல 20 சதவீதத்துலேர்ந்து 60 ஆச்சு, 2023-ல 70 ஆச்சு. சுங்கப் பட்டியல்ல 9503-ங்கிற தலைப்புல கிலுகிலுப்பை, மூணு சக்கர சைக்கிள், பொம்மை எல்லாத்தோடயும் சேர்ந்துதான் ஸ்கேல் மாடலும் உட்கார்ந்திருக்கு. நாற்பது வயசு ஆளு கண்ணாடியை மாட்டிக்கிட்டு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஒட்டுறது சட்டப்படி பிள்ளைங்க சமாச்சாரம்.

வெளிநாட்டுலேர்ந்து வந்த என் கிட் பெட்டியை அந்த அலுவலர் பிரிச்சுப் பார்த்தார். உள்ள பாலிதீன் பையில ஸ்புரூ ஸ்புரூவா இருக்கு. ஒண்ணை வெளிய எடுத்தார், இன்னொண்ணை எடுத்தார். ரொம்ப வருத்தமா, "எல்லாமே உடைஞ்சு வந்திருக்கே சார், கம்ப்ளெயின்ட் எழுதிக் குடுக்குறீங்களா?"ன்னார். இல்ல சார், இதை நாமதான் ஒட்டணும்னேன். "இவ்வளவு வரி கட்டி, வேலையையும் நம்ம தலையிலயே கட்டுறானா?"

அதுக்கு இன்னைக்கு வரைக்கும் என்கிட்ட பதில் இல்ல. ஆனா நல்ல மனுஷன். பெட்டி மேல இருந்த லாரிப் படத்தைப் பார்த்துட்டு, முடிஞ்சதும் கொண்டுவந்து காட்டச் சொன்னார். காட்டினேன். பக்கத்து கவுன்டர் ஆளையும் கூப்பிட்டுக் காட்டி, "இது பீஸ் பீஸா வந்துச்சுய்யா, என் கண்ணால பார்த்தேன்"ன்னு சாட்சி சொன்னார்.

* * *

நான் வேலை நிமித்தமாக ஜப்பானில் ஹமாமட்சுவில் இருக்கிறேன். ரயிலேறினால் ஷிசுவோகா. டாமியா, ஹாசெகாவா, அவோஷிமா, ஃபுஜிமி என்று கிட் தயாரிப்பவர்கள் எல்லாம் அந்த மாகாணத்துக் கம்பெனிகள்தான். மரவேலைக்குப் பேர்போன ஊர் அது. டாமியாவே 1946-ல் மர வியாபாரமாகத் தொடங்கி, மர மாடலுக்கு வந்து, அமெரிக்க பிளாஸ்டிக் கிட்டுகள் சந்தையைப் பிடித்ததும் 1960-ல் பிளாஸ்டிக்குக்கு மாறிய கம்பெனி. நகரத்தில் ஒரு தபால்பெட்டியைக்கூட ஸ்புரூ சட்டத்தில் மாட்டியிருக்கும் கிட் பாகம் போலவே வைத்திருக்கிறார்கள்.

முதல் பதிவில் 1/35 என்று எழுதியிருந்தீர்கள் அண்ணா. அந்த அளவு பிறந்த கதை தெரியுமா? 1961-ல் டாமியா மோட்டார் வைத்த பாந்தர் டாங்கி ஒன்றை வெளியிட்டது. உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டுமே, அதற்கு ஏற்ற மாதிரி உடம்பை அமைத்தார்கள். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தால் நிஜத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. இன்றைக்கு உலகம் முழுக்க டாங்கிக்காரர்கள் பிடித்துக்கொண்டிருக்கும் அளவு ஒரு பேட்டரி முடிவு செய்தது.

ஒவ்வொரு மே மாதமும் ஷிசுவோகாவில் ஹாபி ஷோ நடக்கும். அதே வளாகத்தில் மாடல் கிளப்புகள் சேர்ந்து நடத்தும் கண்காட்சியும் உண்டு. மேசை மேசையாகப் பார்த்து முடிக்க ஒரு நாள் போதாது. அலுவலக நண்பரின் கிளப் மேசையில் ஒரு மூலை கிடைத்தது. நான் வைத்தது யமஹா ஆர்.எக்ஸ். 100, 1/12 அளவில், வேறு பைக் கிட்டின் இன்ஜினைத் திருத்தி, டேங்கை ரெசினில் வார்த்துச் செய்தது. சித்தப்பா கல்லூரிக்கு ஓட்டிய வண்டியின் கறுப்பு.

சுற்றிலும் ரேஸ் பைக்குகள், ஒவ்வொன்றும் கண்ணைப் பறிக்கும். என் மேசைக்கு யார் வருவார்கள் என்று இருந்தேன். வயதான ஒருவர் வந்து குனிந்து நின்றவர் நிமிரவே இல்லை. இன்ஜினைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். தான் ஓய்வு பெறும்வரை மோட்டார் சைக்கிள் இன்ஜின் தொழிற்சாலையில் இருந்ததாகச் சொன்னார், இன்ஜினைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் விரல் நீட்டியது பின்சக்கரத்துப் பக்கத்தில், நான் செப்புக் கம்பியை வளைத்துப் பற்றவைத்த கூண்டை.

"இது என்ன? இந்தப் பக்கம் மட்டும் இருக்கிறதே?"

சாரி கார்டு! அதை எப்படிச் சொல்வது? எனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழியில், பின்னால் ஒருபக்கமாக உட்காரும் பெண், ஐந்தரை மீட்டர் துணி, முந்தானை, சக்கரம் என்று கையையும் சேர்த்து ஆட்டி விளக்கினேன். சட்டென்று பிடித்துக்கொண்டார். பிறகு அவர் கேட்டவை எல்லாம் எனக்குத் தோன்றாத கேள்விகள். அவள் இரண்டு காலையும் எங்கே வைப்பாள்? அதற்குத் தனிப் பலகை உண்டா? எடை ஒரே பக்கம் சாயுமே, பின் சஸ்பென்ஷன் தாங்குமா? எங்கள் ஊரில் குழந்தையையும் மடியில் வைத்துக்கொள்வார்கள், முன்னால் டேங்கில் இன்னொன்று உட்காரும் என்றேன். "நூறு சிசியில்?" என்றார். ஆமாம், 98. பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து அந்தக் கம்பிக் கூண்டை மட்டும் பக்கவாட்டில், பின்பக்கத்திலிருந்து என்று வரைந்துகொண்டார்.

மாலையில் தன் நண்பர் ஒருவரை அழைத்துவந்து, நான் சொன்னதை அவருக்கு அப்படியே, கையையும் அதே மாதிரி ஆட்டி விளக்கினார்.

* * *

மேல பஸ் எழுதின தம்பிக்கு: பக்கச் சுவருக்கு ஃபோரெக்ஸ் எத்தனை மில்லி போடுறீங்க? நான் 3 மில்லியில செஞ்சேன், ஜன்னல் ஓரம் தடியா, கோட்டைச் சுவராட்டம் தெரியுது.

* * *

சுவருக்கு 2 போதுமுங்க, தளத்துக்கு மட்டும் 3. ஜன்னல் ஓரத்தை உள்பக்கமாச் சாய்வா உப்புத்தாள் போட்டுத் தேய்ங்க, வெளியிலிருந்து பார்த்தா தகடு மாதிரி தெரியும். ஃபெவிகுவிக் நேரடியா ஊத்தாதீங்க, ஓஹெச்பி ஷீட்டுல வெள்ளையாப் புகை படிஞ்சுரும். கண்ணாடியைக் கடைசியா, வேற பசையில ஒட்டுங்க.