லூவருக்கு ஒரு சொல் போதுமா, இரண்டு வேண்டுமா?

அனைவருக்கும் வணக்கம்.

நாம் சேர்த்துவரும் தமிழ்க் கார்ச் சொற்கள் பட்டியலில் 'ரியர் விண்டோ லூவர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே இன்னும் வெற்றிடம்தான் இருக்கிறது. இதுவரை வந்தவை மூன்று: காற்றுச்செவுள், சாய்தகட்டுப் பலகணி, ஒளித்தடுப்பு இதழ். மூன்றும் நல்ல தமிழ்தான். ஆனால் இந்தச் சாமானை ஒரு ஃபோர்டு மஸ்டாங் காரில் மாட்டி, அமெரிக்கப் பாலைவன ஊரான பீனிக்ஸின் வெயிலில் மூன்று கோடை ஓட்டியவன் நான், எனக்கு மூன்றுமே இடிக்கிறது. ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் ஒளித்தடுப்பு இதழ் என்றவர் படத்தை மட்டும் பார்த்துச் சொல்லியிருப்பார் என்று தோன்றுகிறது. கூரை பின்பக்கம் வழுக்கிக்கொண்டு இறங்கும் இரண்டு கதவு கூபே கார்களில் பின்கண்ணாடி ஏறக்குறையப் படுத்துக் கிடக்கும். அதன் மேல், வெளிப்பக்கம், ஒரு சட்டத்தில் ஐந்தாறு கறுப்புப் பட்டைகளைப் படிக்கட்டு மாதிரி வரிசையாக மாட்டுவதுதான் லூவர். வெளியே நின்று மேலிருந்து பார்த்தால் பின்கண்ணாடியே தெரியாது, ஒரே கறுப்பு. ஓட்டுகிறவர் வண்டிக்குள் இருக்கும் பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்தால் பட்டைகள் விளிம்பை மட்டும் காட்டி நிற்கும், நடுநடுவே பின்னால் வரும் லாரி தெரியும். வெயில் மேலிருந்து வருகிறது, பார்வை படுக்கைவாட்டில் போகிறது, இந்தக் கோண வித்தியாசத்தை வைத்துச் செய்த வித்தை, அவ்வளவுதான்.

சரி, செவுள். மீன் செவுள் மாதிரி இருக்கிறது என்று மிச்சிகன் தங்கை எழுதியிருந்தார், அழகான சொல், எனக்கும் பிடித்தது. 1966இல் வந்த லம்போர்கினி மியூராவைப் பார்த்து அப்படிச் சொன்னால் மறுபேச்சே கிடையாது. அதில் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னாலேயே குறுக்காக வைத்துவிட்டார்கள், அந்தச் சூடு போக வழி வேண்டும், பெர்டோனே என்ற இத்தாலிய வடிவமைப்பு நிறுவனத்தில் இருந்த மார்செல்லோ காண்டினி எஞ்சினுக்கு மேலே கண்ணாடி போடாமல் வெறும் பட்டைகளாக விட்டார். இருக்கைக்குப் பின்னால் ஒரு சின்னக் கண்ணாடி நிற்கிறது, பட்டைகளுக்கு அடியில் எஞ்சின்தான். சூடு மேலே வருகிறது, பட்டை வழியாகப் போகிறது. அது மூச்சு விடுகிறது, செவுள்தான்.

ஆனால் என் மஸ்டாங்கில் எஞ்சின் முன்னால் இருக்கிறது. பட்டைகளுக்கு அடியில் முழுக்க ஒட்டிய கண்ணாடி. உள்ளே இருந்து ஒரு ஊசி நுனியளவு காற்றுகூட வெளியே போகாது. இதை எப்படிச் செவுள் என்பது? 1969இல் பாஸ் 302 என்ற மஸ்டாங் வகைக்கு வடிவமைப்பாளர் லாரி ஷினோடா இதை வரைந்தபோது ஃபோர்டே இதற்கு வைத்த பெயர் 'ஸ்போர்ட் ஸ்லாட்ஸ்', அதாவது பட்டைகள். செய்தவனுக்கே தெரிந்திருக்கிறது, இது காற்று போகிற விஷயம் இல்லை என்று. பிறகு டாட்சன் இசட் கார்கள், அது இது என்று எழுபதுகளில் ஊரெல்லாம் மாட்டினார்கள், எல்லாவற்றையும் லூவர் என்றே சொல்லப் பழகிவிட்டார்கள். 1981இல் வந்த டெலோரியன் காரில் இரண்டும் அடுத்தடுத்தே இருக்கிறது: கண்ணாடிக்கு மேலே ஒன்று, அதற்குக் கீழே எஞ்சின் மூடியில் சூடு போக இன்னொன்று. ஒரே வண்டியில் இரண்டு வேலை. தமிழிலும் ஒரே சொல் வைத்தால் அந்தக் குழப்பத்தையும் சேர்த்துத்தான் இறக்குமதி செய்கிறோம்.

இது வெறும் சொல் பிடிவாதம் இல்லை, எனக்குப் பணம் போன விஷயம். முதலில் வாங்கியபோது நானும் இதைச் செவுள் என்று நினைத்துத்தான் வாங்கினேன். விற்றவரின் இணையப் பக்கத்தில் காற்றோட்டம், வேகம் என்று என்னவோ எழுதியிருந்தது, வடிவம் எடுப்பாக இருந்தது, எடை குறைவு, ஏபிஎஸ் பிளாஸ்டிக், விலையும் கம்மி. காற்றுக்கு எதிரே நிற்குமா என்று பார்த்தேனே தவிர வெயிலுக்குக் கீழே நிற்குமா என்று யோசிக்கவே இல்லை. 2023இல் இங்கே தொடர்ந்து 31 நாள் பகல் உச்ச வெயில் 43 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் அடித்தது, அதற்கு முந்தைய கோடையிலேயே கறுப்பு சாம்பலாக வெளுத்து, தொட்டால் விரலில் சுண்ணாம்பு மாதிரி ஒட்டியது. 2023 கோடையில் நடுப்பட்டை தொய்ந்தது, ஓரம் சுருண்டு எழுந்தது. ஏபிஎஸ்ஸுக்கு வளையும் குணம் கொடுப்பது அதில் கலந்திருக்கும் பியூட்டாடையீன் ரப்பர், புற ஊதாக் கதிர் முதலில் கடிப்பதும் அதைத்தான். அது போனால் மிச்சம் மொறுமொறு அப்பளம். பிளாஸ்டிக்தான் வேண்டும் என்றால் ஏஎஸ்ஏ என்று ஒரு வகை உண்டு, அந்த ரப்பருக்குப் பதில் அக்ரிலேட் ரப்பர் போட்டது, வெயிலில் வெகுநாள் தாங்கும். ஏபிஎஸ் வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் நல்ல பெயின்ட் அடித்து மாட்டுங்கள், பெயின்ட் இருக்கிற வரைக்கும் பிழைக்கும்.

இன்னொரு சங்கதி, இதை எவரும் சொல்லவில்லை. வெயிலில் எல்லாம் நீளும், ஆனால் ஒரே அளவு நீளாது. ஒரு மீட்டர் நீளத்துக்கு 50 டிகிரி சூடு ஏறினால் கண்ணாடி அரை மில்லிமீட்டர்கூட நீளாது, அலுமினியம் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, ஏபிஎஸ் கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர். தினமும் பகலில் நீண்டு இரவில் சுருங்கினால், சட்டத்தைக் கண்ணாடியில் பிடித்திருக்கும் ஒட்டு டேப் என்ன ஆகும்? என்னுடையதில் இடது மூலை முதலில் விட்டது, அப்புறம் நெடுஞ்சாலையில் டக்டக் என்று ஒரு சத்தம், நான் சக்கரம்தான் போச்சு என்று நினைத்து வண்டியை ஓரம்கட்டினேன்.

ஆக, இதன் எதிரி மேலே இருக்கிறது. இதன் வேலை நிழல் கொடுப்பது. கண்ணாடிக்கு உள்ளே திரை போட்டால் வெயில் உள்ளே வந்த பிறகுதான் தடுக்கிறீர்கள், சூடு வண்டிக்குள்ளேயே தங்கிவிடும். வெளியே போட்டால் பட்டைதான் காயும், அந்தச் சூட்டைக் காற்று கொண்டுபோய்விடும். இந்தச் சூத்திரம் நம் வீட்டுத் திண்ணைக்கு எப்போதோ தெரியும். வாசலுக்கு வெளியே தொங்கவிடுகிறோமே, தட்டி. என் பரிந்துரை அதுதான்: பின்கண்ணாடித் தட்டி. சூடு வெளியேறுகிற மியூரா வகைக்கும், எஞ்சின் மூடியில் அச்சடித்த வெட்டுகளுக்கும் செவுள் இருக்கட்டும்.

பலகணி பற்றி, அதை முன்வைத்த ஐயா சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

* * *

தம்பிக்கு,

நீளமாக எழுதினாலும் கடைசியில் ஒரு சொல்லுக்கு வந்தாய், நல்லது. பலகணியை நான் முன்வைத்தது ஒரு காரணத்தோடு. பல கண் உள்ளது பலகணி, ஓட்டுகிறவன் பல கண் வழியாகப் பின்னால் பார்க்கிறான் இல்லையா. இன்னும் பழசு வேண்டுமென்றால் காலதர், கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி, சிலப்பதிகாரத்தில் மான்கண் காலதர் என்று வருகிறது. ஆனால் நீ சொன்னதைப் படித்த பிறகு இரண்டையும் நானே தள்ளிவிடுகிறேன். காற்றே போகாத பொருளுக்குக் காலதர் என்று வைத்தால் இளங்கோ சிரிப்பார். பலகணி முழுச் சாளரத்தையும் குறிக்கும், உனக்கு வேண்டியது சாளரத்துக்கு மேலே போடுவது.

லூவர் என்ற சொல்லின் கதையையும் நினைத்துப் பார். பழைய பிரெஞ்சில் அது கூரை உச்சியில் புகை போக வைத்த கூண்டின் பெயர். புகைக்கூண்டிலிருந்து பட்டைக்கு வந்து, பட்டையிலிருந்து காற்றே போகாத கண்ணாடிக்கு வந்திருக்கிறது. அந்தப் பாதை முழுவதையும் நாம் நடக்கத் தேவையில்லை என்பதில் உன்னோடு உடன்படுகிறேன்.

தட்டி சரி. ஆனால் வெறும் தட்டி என்றால் தேர்தல் தட்டி, விளம்பரத் தட்டி, டீக்கடைத் தட்டி எல்லாம் வரும், அவற்றில் இடைவெளியே கிடையாது. உன் பொருளில் இடைவெளிதான் உயிர். இன்னொன்று, அந்தப் பட்டைகளில் ஒன்றை மட்டும் சொல்ல என்ன சொல்? எங்கள் பக்கம், டெல்டாவில், கூரை வேய்கிறபோது குறுக்கே வரிசையாகக் கட்டும் மூங்கில் பிளாச்சுக்கு வரிச்சு என்று பெயர். இரண்டு வரிச்சுக்கு நடுவே எவ்வளவு விடுவது என்று கொத்தனாரைவிடக் கூரைக்காரன் அதிகம் சண்டை போடுவான். ஒரு பட்டை வரிச்சு. வரிச்சுகளை அடுக்கிய முழுப்பொருள் வரிச்சுத்தட்டி. சொன்னாலே இடைவெளி கண்ணில் வருகிறதா என்று பார்.

* * *

அண்ணா, ஐயா, இருவருக்கும் வணக்கம்.

செவுளைக் கொண்டுவந்தவள் நான்தான், பாதியாவது பிழைத்ததே, சந்தோஷம். ஆனால் அண்ணா, வெயில் ஒன்றுதான் எதிரி என்று முடித்துவிட்டீர்கள், அது பீனிக்ஸ்காரர் பேச்சு. இங்கே குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்பைக் கொட்டுகிறார்கள். அலுமினியத் தட்டியில் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போட்டு, நடுவே நைலான் வாஷர் வைக்காமல் முடுக்கினால், உப்புத் தண்ணீர் பட்டதும் இரண்டு உலோகமும் சேர்ந்து சின்ன பேட்டரி மாதிரி ஆகிவிடும், அலுமினியம் ஸ்க்ரூவைச் சுற்றி வெள்ளைப் பூவாகப் பூத்து அரிக்கும். அந்த அரிப்பு மேல்பூச்சைக் கிளப்பிக்கொண்டு உள்ளேயே ஓடும். எனக்குத் தெரிந்த ஒருவருடையது பார்க்கக் கறுப்பாக அம்சமாக இருந்தது, கழற்றினால் ஓட்டைகள் எல்லாம் பெரிதாகி ஆடின.

வரிச்சு எனக்குப் புதுச் சொல். ஐயா, 'ச்சு'வில் முடிகிற சொல்லைக் கடையில் சொன்னால் தும்முகிறேன் என்று நினைப்பார்கள், போகட்டும். ஒரே ஒரு கேள்வி: கீல் வைத்துத் தூக்குகிற வகைக்கும் ஒட்டிவிடுகிற வகைக்கும் தனிச் சொல் வேண்டாமா? வாங்குகிறவர்கள் முதலில் கேட்பதே அதுதான்.

* * *

ஐயா, வரிச்சு என்ற சொல்லைக் கேட்டதும் என் தாத்தா வீட்டு மாட்டுக்கொட்டகை ஞாபகம் வந்தது, கூரைக்குக் கீழே படுத்து எண்ணியிருக்கிறேன், பெயர்தான் மறந்துபோயிருந்தது. ஏற்றுக்கொண்டேன். வரிச்சுத்தட்டி.

தங்கைக்கு: உப்பு விஷயம் நியாயம், நான் இந்த ஊர்க் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டேன். பூச்சைப் பற்றியும் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன், பவுடர் கோட்டிங் என்று பொதுவாகச் சொல்வார்கள், அதில் எப்பாக்ஸி வகை வெயிலில் சீக்கிரம் வெளுத்துச் சுண்ணாம்பாகும், வெளியே நிற்கிற சாமானுக்குப் பாலியெஸ்டர் வகைதான். எது என்று கேட்டால் பாதிக் கடையில் முழிக்கிறார்கள்.

தனிச் சொல் கண்டிப்பாக வேண்டும். கீல்தட்டி, ஒட்டுத்தட்டி என்று வைக்கலாமா? இங்கே புழுதிப்புயல் அடித்தால் தட்டிக்கும் கண்ணாடிக்கும் நடுவே மண் போய் உட்கார்ந்துகொள்ளும், ஒட்டுத்தட்டியில் குழாய்த் தண்ணீரை எவ்வளவு வேகமாக அடித்தாலும் ஒரு மூலை மிச்சம் இருக்கும், அந்த மண்தான் பிறகு கண்ணாடியைக் கீறுகிறது. கீல்தட்டியைத் தூக்கித் துடைத்துவிடலாம். ஆனால் கீல் ஆடும், ரப்பர் முட்டு தேய்ந்தால் தாளம் போடும். நான் இந்த முறை கீல்தட்டி, அலுமினியம், சட்டத்தின் ஓட்டைகள் வட்டமாக இல்லாமல் நீள்வாக்கில் வெட்டியது, அப்போதுதான் நீளுகிற அலுமினியத்துக்கு நகர இடம் இருக்கும். ஒட்டுகிறவர்கள் கண்ணாடியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, ஒட்டிய பிறகு மூன்று நாள் வண்டியைக் கழுவாமல் விடுங்கள், டேப் முழுப் பிடிப்புக்கு வர அவ்வளவு நேரம் வேண்டும். பனித்துளி போக்கும் கம்பிக்கோடுகள் கண்ணாடியின் உள்பக்கம் இருப்பதால் வெளியே ஒட்டுவதில் அவற்றுக்கு ஆபத்தில்லை.

இன்னொன்று பட்டியலுக்கு. அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டு மாடல் கார்களிலிருந்து நடுவில் உயரத்தில் மூன்றாவது பிரேக் விளக்கு கட்டாயம், சில வண்டிகளில் அது பின்கண்ணாடிக்குள்ளேயே இருக்கும். வரிச்சு அதை மறைத்தால் போலீஸ் நிறுத்துவார், அதனால் அந்த இடத்தில் ஒரு வரிச்சை மட்டும் வெட்டி விட்டிருப்பார்கள். அந்த வெட்டுக்கு ஒரு சொல் வேண்டும். விளக்குக்கண் என்று எழுதிவைத்திருக்கிறேன், ஆனால் கண் என்றால் விளக்கையே குறிக்குமோ என்று சந்தேகம். ஐயா, கூரைக்காரர்கள் புகை போக ஒரு வரிச்சை விட்டுக் கட்டுவார்களே, அந்த இடத்துக்கு உங்கள் பக்கம் என்ன பெயர்?